பக்கத்தில் ஓர் ஆள்

ஸ்பீக்கரின் இரைச்சல் சட்டென்று அடங்கியது.

மேஜைமேல் திறந்து கிடந்த கிதார் ஆம்ப்ளிஃபயரில் கண்ணாடி வால்வுகள் செம்மஞ்சளாக எரிந்தன. உருகிய ஈயமும் பழைய தூசியும் கருகும் வாசனை அறையைவிட்டுப் போகாமல் நின்றது. பகலிலேயே விளக்குப் போடவைத்த ஐப்பசி மழை கல்லிடைக்குறிச்சியின் அந்தத் தெருவில் ஒரே சீராகப் பெய்துகொண்டிருந்தது. பக்கத்து வீடும் எதிர் வீடும் பூட்டிக் கிடந்தன. தாழ்ந்த சுரங்கள் குழம்புகின்றன என்று ஒரு கெப்பாசிட்டரைக் கழற்றிவிட்டுச் சிறியதை வைத்திருந்தான் ஸ்ரீராகவ். இரைச்சலும் அதனால்தான் போயிற்று என்று நினைத்துக்கொண்டான்.

"ஏலே ராகவா, சத்தத்தையே காணோம்? போய்ச் சேந்துட்டியோ?"

மேஜைமேல் இருந்த போனில் பேச்சிராஜ். சாத்தான்குளத்தில் மைக்செட் வைத்திருப்பவன், கல்லூரிக் கூட்டாளி.

"இருக்கேன்லே. வோல்டேஜ் பாக்கப் போறேன்."

"இடது கைய முதுகுக்குப் பின்னால வச்சுக்கோ. உள்ள நானூறு வோல்ட்டு. ரெண்டு கையும் பட்டுச்சுன்னா நெஞ்சு வழியாப் பாயும். பக்கத்துல ஆள் இருக்குல்லா? தனியா இதத் தொடக் கூடாது."

"மஹா இங்கனதான் இருக்கா."

பொய். வேலைக்கென்று பெங்களூர் போன மனைவி மஹாலக்ஷ்மி இனி வரப்போவதில்லை என்பதை அவன் யாரிடமும் சொல்லவில்லை. அவனுக்கு வீட்டிலிருந்தே வேலை. அலுவலகக் கூட்டங்களில்கூட மைக்கை அணைத்தே வைத்திருப்பான். இப்போது அவன் குரல் அவனுக்கே அந்நியமாகக் கேட்டது.

"மதினிய சுவிட்சு கிட்டயே நிக்கச் சொல்லு. ஒனக்கு ஒண்ணு ஆச்சுன்னா என்னயத்தான் வெளக்குமாத்தால அடிப்பாவ."

சுவிட்ச் அவனுக்குப் பின்னால், கட்டில் தலைமாட்டில் இருந்தது. ஸ்ரீராகவ் இடது கையை முதுகுக்குப் பின்னால் மடக்கினான். நடுங்காமலிருக்க வலது மணிக்கட்டை ஆம்ப்ளிஃபயரின் இரும்புச் சட்டத்தில் ஊன்றி, மீட்டரின் முனையை உள்ளே கொண்டுபோனான்.

"லே, கெப்பாசிட்டர் மாத்துனா இரைச்சல் போகாதே. ஆள் தந்தியத் தொட்டாத்தான் அது அடங்கும். கிதாரத் தொட்டுக்கிட்டா இருக்க?"

"இல்ல. அது ஆம்ப்ளிஃபயர்ல மாட்டுனபடியே கட்டில்ல கெடக்கு."

"அப்பம் மதினிதான் தொட்டுட்டு இருப்பாவ." பேச்சிராஜ் சிரித்தான். "அப்படியே எனக்கு ஒரு பாட்டு வாசிக்கச் சொல்லு."

அவன் சொன்னது சரி. கிதார் வாசிக்கும் எவருக்கும் தெரியும்: உடம்பு தந்தியில் பட்டால் இரைச்சல் அடங்கும், எடுத்தால் திரும்பும். ஸ்ரீராகவுக்குக் கழுத்து திரும்பவில்லை. மழைக்கு அடியில், வால்வின் மெல்லிய கிணுகிணுப்புக்கும் அடியில், ஸ்பீக்கரிலிருந்து வேறொரு ஒலி வந்தது. தந்திமேல் விரல் வழுக்கும் ஒலி.

பிறகு இரைச்சல் திரும்பியது.

தந்தியை விட்டாயிற்று.

கட்டில் கிறீச்சிட்டது. எடை இறங்கும் சத்தம்.

"மறுபடியும் இரையுதேலே. மதினி எந்திச்சிட்டாவளோ?"



மடங்கியிருந்த உள்ளங்கைக்குள் விரல்கள் நுழைந்தன. குளிர்ச்சி இல்லை. வெதுவெதுப்பு. தந்தி அழுத்திப் பழகியவைபோல நுனிகள் காய்த்திருந்தன.

வெகுநாளாக யாரும் பிடிக்காத கை அவனுடையது. அவன் அறியாமலே திருப்பிப் பிடித்தது.

அந்த விரல்கள் இழுத்தன. மெல்ல. முதுகிலிருந்து இடுப்புக்கு. இடுப்பிலிருந்து மேஜைக்கு. வலது கையை எடுக்கப் பார்த்தான். முடியவில்லை. மணிக்கட்டின்மேல் ஒரு கனம்.

"ராகவா? பேசுலே. மதினிட்டயாவது போனக் குடு."

விளக்கு வெளிச்சத்தில் அவனுடைய இரண்டு கைகள் மட்டுமே தெரிந்தன. இடது புறங்கையில், யாருமில்லாத இடத்தில், விரல் அகலத்துக்குப் பள்ளங்கள் அமுங்கியிருந்தன. அவை அவன் ஆள்காட்டி விரலைப் பிரித்து நிமிர்த்தின. புதிதாகக் கற்பவனின் விரலை எடுத்துத் தந்தியில் வைப்பதுபோல, பொறுமையாக, நானூறு வோல்ட் ஓடும் சிவப்பு ஒயரின் உரித்த நுனியை நோக்கி இறக்கின.