போன் எடுக்காதவர்கள்

"ஐயோ... டைரக்டர்!"

துப்புரவு அம்மாளின் அலறலில் அந்த மாடியே எழுந்து ஓடியது.

பொருளாதார ஆய்வு நிறுவனத்தின் இயக்குநர் மேஜையடியில் குப்புறக் கிடந்தார். பக்கத்தில், சிறந்த ஆய்வுக்காக அவர் வாங்கிய வெண்கலக் கேடயம்.

அதன் விளிம்பில் ரத்தம்!

இன்ஸ்பெக்டர் வந்தார். எல்லோரையும் விசாரித்தார். பிறகு ஒருத்தியின் எதிரே மட்டும் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

அவள் அங்கே ஆராய்ச்சியாளர். ஆபீஸ் வைத்த பட்டப்பெயர், பட்டாசு.

"காலையில அவர் ரூம்ல நீங்க கத்தினது தெருமுனை வரைக்கும் கேட்டுதாமே?"

"ஆமா, கத்தினேன். இன்னும் ஆத்திரம் அடங்கல!"

"பொணத்தை வச்சுக்கிட்டு இந்த வாயா? எதுக்கு சண்டை?"

அவள் ஜன்னலைப் பார்த்தபடியே சொன்னாள்.

"மாற்றுத்திறனாளிங்களுக்குக் கொடுத்த உதவித்தொகையை அரசாங்கம் நிறுத்திச்சு. அதனால என்ன ஆச்சுன்னு ஆராயற வேலை எங்களுக்கு. ஒரு வருஷம் கழிச்சு எல்லாருக்கும் போன் போட்டோம். எடுத்தவங்கள்ல பாதிப் பேர் வேலைக்குப் போறாங்க. உடனே அறிக்கை ரெடி. 'நிறுத்தியது நல்லதே'!"

"சரிதானே?"

"எடுக்காதவங்க? 'தொடர்பு கிடைக்கவில்லை.' கணக்குலேர்ந்து தூக்கியாச்சு! அதுல எங்க அக்காவும் ஒருத்தி. முதுகுத்தண்டு அடிபட்டவ. பணம் நின்னுது, மருந்து நின்னுது, மூச்சும் நின்னுது. செத்தவ எப்படி சார் போன் எடுப்பா?"

இன்ஸ்பெக்டர் தொப்பியைக் கழற்றினார். குரல் மட்டும் இறங்கவில்லை.

"வருத்தம்தான்மா. ஆனா இங்க இருக்கிற அத்தனை பேரும் உங்களைத்தான் கை காட்டறாங்க. கிளம்புங்க, ஸ்டேஷனுக்கு!"

"இருக்கிறவங்களை மட்டும் கேட்டீங்களா?" அவள் எழுந்தே விட்டாள். "நீங்களுமா சார்? இங்க இல்லாதது யாருன்னு பாத்தீங்களா?"

இன்ஸ்பெக்டர் சுற்றி நின்றவர்களைப் பார்த்தார்.

துப்புரவு அம்மாள் மெல்ல வாய் திறந்தாள். "துணை இயக்குநரம்மா... நான் ரூம் கூட்ட வர்றப்ப, மந்திரி ஆபீசுக்குன்னு ஓட்டமா இறங்கினாங்க. கூப்பிட்டேன், திரும்பிக்கூட பாக்கல."

"இதை ஏம்மா முன்னாடியே சொல்லல?"

"சண்டை போட்டது யாருன்னுதானேய்யா கேட்டீங்க?"

இன்ஸ்பெக்டர் போனில் கத்தினார்.

சற்று நேரத்தில் பதில் வந்தது. கேட்கக் கேட்க அவர் முகம் மாறியது.

"மந்திரி ஆபீஸ் வாசல்லயே மாட்டிக்கிட்டாங்க. முந்தானையில ரத்தக்கறை. ஒத்துக்கிட்டாங்க." நிறுத்தினார். "மேடம்... நீங்க கத்திட்டுப் போனதும் டைரக்டர் அந்தம்மாவைக் கூப்பிட்டிருக்கார். 'பட்டாசு சொல்றதுதான் சரி. செத்தவங்களையும் சேர்த்து அறிக்கையை மாத்தறேன்'னிருக்கார். மாத்தினா, மந்திரி அந்தம்மாவுக்குத் தர்றதா சொன்ன பதவி போச்சு. அதான்... அடிச்சுட்டாங்க!"

அவள் பொத்தென்று உட்கார்ந்தாள்.

காலையில் அந்த மனிதரைத்தான் சபித்திருந்தாள். கோபம் மட்டும் அப்படியே இருந்தது. ஆள்தான் மாறியிருந்தது.

"அந்த அறிக்கையை நான் எழுதறேன் சார்," என்றாள். "போன் எடுக்காத ஒவ்வொருத்தர் வீட்டுக் கதவையும் தட்டுவேன். எவன் தடுக்கிறான்னு பாக்கறேன்!"

இன்ஸ்பெக்டர் தொப்பியை மாட்டிக்கொண்டார்.

"தாராளமா தட்டுங்க. எங்க ஸ்டேஷன் பக்கம் மட்டும் வந்துடாதீங்க மேடம்... புகாரே வாங்காம, 'குற்றம் குறைஞ்சிடுச்சு'ன்னு நாங்களும் ஒரு அறிக்கை கொடுத்திருக்கோம்!"