தெருக்கோடிக் கதவு

அந்தப் பெரிய வீட்டை இடிக்கப் போகிறார்கள் என்று தெரிந்ததும், மற்ற வியாபாரிகளுக்கு மூக்கில் வேர்ப்பதற்குள் நான் போய் நின்றேன். பழைய பொருள் வாங்கி விற்பது என் தொழில். பேரம் கேட்டே வளர்ந்தவன். எங்கள் வீட்டில் குழந்தையைத் தூங்க வைப்பதற்குக்கூட இரண்டு சுற்றுப் பேச்சுவார்த்தை நடக்கும்.

வீட்டுக்காரர் ஒரு மெலிந்த கிழவர். மாடிப்படித் திருப்பத்தில் மாட்டியிருந்த ஓவியத்தைக் காட்டினார். ஆள் உயரம், ஆளைவிட அகலம். அதன் மேல் அத்தனை அழுக்கு. நான் வழக்கம்போல முகத்தைச் சுளித்துவிட்டுப் பாதி விலை கேட்டேன்.

"சரி, எடுத்துட்டுப் போங்க."

"சட்டமும் சேர்த்துதானே?"

"சேர்த்துதான். வண்டி வரைக்கும் நானே ஒரு பக்கம் பிடிக்கிறேன்."

என் அப்பா உயிரோடு இருந்திருந்தால் அங்கேயே என் காதைத் திருகி வெளியே இழுத்துப் போயிருப்பார். கேட்ட விலைக்கே தலையாட்டுகிறவர் பொருளை விற்கவில்லை, தொல்லையைத் தள்ளிவிடுகிறார். தெரிந்தும் வாங்கினேன்.

கடைக்கு மேல் மாடியில் என் அக்கா வேலை செய்கிறாள். பழைய ஓவியங்களைச் சுத்தம் செய்வது அவள் தொழில். விளக்கு வெளிச்சம் நிறத்தைப் பற்றிப் பொய் சொல்லும் என்பதால் பகலில் மட்டும்தான் தொடுவாள். குச்சியில் பஞ்சைச் சுற்றி, எச்சிலில் நனைத்து, விரல் நகம் அளவு இடமாகத் துடைப்பாள். இருக்கிற திரவங்களிலேயே சாதுவானது எச்சில்தான் என்பது அவள் கட்சி. அவள் வாயிலிருந்து வரும் மற்ற எதுவும் சாது இல்லை.

நான்கு நாளில் படம் வெளியே வந்தது.

வலது பக்கம் ஒரு படை முகாம். ஈட்டிகளுக்கு இடையே கயிறு கட்டி உள்ளாடைகள் காய்கின்றன. முரசைக் கவிழ்த்துப் போட்டுச் சிப்பாய்கள் பகடை உருட்டுகிறார்கள். அருகே ஒரு வியாபாரியின் வண்டி. அதில் தராசு தொங்குகிறது. கொள்ளையடித்த பானை, போர்வையோடு சிப்பாய்கள் வரிசையில் நிற்கிறார்கள். இடது பக்கம் ஒரு தெரு. எல்லாக் கதவுகளும் உடைந்து கிடக்கின்றன. தெருவின் நடுவே சிவப்பு இடுப்புத்துணி கட்டிய ஒருவன். அவன் தொப்பியில் நடுவில் ஒடிந்த கறுப்பு இறகு.

தெருக்கோடியில் ஒரே ஒரு கதவு மட்டும் மூடியிருந்தது.

"டேய், இந்தக் கதவு பின்னாடி யாரோ பூசினது. மத்த பெயிண்ட் கல்லு மாதிரி இருக்கு, இது கரையுது," என்றாள் அக்கா.

"அடியில என்ன?"

"அடியிலயும் கதவுதான். தொறந்து கெடக்கு."

"அப்போ எடுத்துடு. அசலுக்குத்தான் மதிப்பு."

"யாரோ வேணும்னே மூடியிருக்காங்கடா."

"மூடினவன் நம்ம மாமனா மச்சானா? எடுத்துடுக்கா."

எடுத்தாள்.

மறுநாள் மாடியில் வெடிமருந்துப் புகை நாறியது. அதோடு நனைந்த குதிரையின் வாடை. ஜன்னலைத் திறந்தும் போகவில்லை. எங்கோ முரசுத் தோலின் மேல் எதுவோ உருளும் சத்தம். கட கட கட. நிற்கும். மறுபடியும்.

மேஜை மேலிருந்த பித்தளை விளக்கைக் காணவில்லை. வீட்டைத் தலைகீழாகப் புரட்டினோம். கடைசியில் அக்காதான் விரலை நீட்டினாள்.

படத்தில், வரிசையில் நின்ற ஒரு சிப்பாயின் கக்கத்தில் எங்கள் விளக்கு.

"நீ வரைஞ்சியா?"

"எனக்கு வேற வேலை இல்ல பாரு."

திறந்த கதவின் உள்ளே இருந்த இருட்டில் பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தேன். உள்ளே ஒரு மேஜை. மேஜை மேல் பஞ்சு சுற்றிய குச்சிகள். முதுகைக் காட்டி நிற்கும் ஒரு பெண்.

கிழவருக்குப் போன் போட்டேன். "கதவு மூடியிருக்கில்ல?" என்று மட்டும் கேட்டார். "தொறந்துட்டோம்," என்றேன். வைத்துவிட்டார்.

"எரிச்சிடலாம்க்கா," என்றேன்.

"எரிச்சா கதவு நிரந்தரமா தொறந்தே கெடந்துட்டா? எதுவும் தெரியாம கையை வைக்காதே. நான் யோசிக்கிறேன்."

மூன்றாம் நாள் நண்பகல். பளீரென்று வெயில். கீழே கடையில் இருந்தேன். மேலே நாற்காலி விழுந்தது.

ஓடினேன்.

அக்கா படத்துக்கு முன்னால் காலை ஊன்றி நின்றிருந்தாள். வலது கை முன்னால் நீண்டிருந்தது. அவள் நீட்டவில்லை. யாரோ இழுத்துக்கொண்டிருந்தார்கள். மணிக்கட்டில் ஐந்து விரல்கள் பதிந்த பள்ளம். பதித்த விரல்களைத்தான் காணவில்லை.

படத்தைப் பார்த்தேன்.

சிவப்புத்துணிக்காரன் நின்ற இடம் காலி.

அவன் நிழல் மட்டும் தரையில் அப்படியே கிடந்தது.

"கையை எடுடா, நாயே," என்றாள் அக்கா, கத்தாமல், பல்லைக் கடித்துக்கொண்டு. "இது என் வீடு. உன்னை யாரும் கூப்பிடல."

அவள் செருப்பு தரையில் தேய்ந்தது. ஒரு சாண். இன்னொரு சாண். விரல் நுனி படத்தின் கித்தானைத் தொட்டது. தொட்ட இடத்தில் நகம் கித்தானுக்குள் மறைந்தது.

அவள் இடுப்பைப் பிடித்து இழுத்தேன். பாறையை இழுப்பதுபோல் இருந்தது. பலத்துக்கு அவனிடம் பஞ்சமில்லை.

என்னிடம் இருந்தது வாய் மட்டும்தான்.

கண் அந்தத் தராசின் மேல் போனது. எத்தனை வீட்டை உடைத்தாலும் இவர்கள் கடைசியில் ஒரு வியாபாரி முன்னால்தான் வரிசையில் நிற்கிறார்கள். மூலையில் இருந்த செப்புக் குடத்தைத் தூக்கி ஓங்கித் தட்டினேன். கணீரென்றது.

"இந்தாப்பா! அந்தம்மாவை யார் வாங்குவாங்க? ஓயாம வாயாடும். ரெண்டே நாள்ல உன் முகாமே காலியாயிடும்."

"டேய்!" என்றாள் அக்கா.

"இதைப் பாரு. முழுச் செம்பு. ஒட்டு இல்ல, ஒடுக்கு இல்ல. ஆனா எடை போடாம எவனும் விலை சொல்ல மாட்டான். தராசு உன் பக்கம்தான் இருக்கு. ஆளை விட்டுட்டு எடுத்துட்டுப் போ. போட்டுட்டு வந்து சொல்லு, பேசலாம்."

என் கன்னத்தில் புளித்த மூச்சு பட்டது.

குடத்தை யாரோ என் கையில் இருந்தபடியே மெதுவாகத் திருப்பினார்கள். அடிப்பாகத்தைப் பார்த்தார்கள். உள்ளே தட்டினார்கள்.

எனக்கு அந்தக் கணத்தில் உயிர் வந்தது. பொருளைத் திருப்பிப் பார்க்கிறவன் பாதி மடங்கிவிட்டவன்.

"போ, போ. இன்னொருத்தனும் கேட்டிருக்கான்."

என் கை லேசானது. அக்கா பின்னால் விழுந்தாள்.

படத்தில், தராசுக்குப் பக்கத்தில், கையில் எங்கள் குடத்தோடு அவன் நின்றிருந்தான்.

"பூசுக்கா!"

இன்னொருவர் வரைந்ததன் மேல் ஒரு புள்ளிகூட வைத்ததில்லை அவள். அதுதான் அவள் தொழிலின் கட்டுப்பாடு. இப்போது தட்டையான பெரிய தூரிகையை எடுத்துக் கதவின் மேல் பழுப்பு நிறத்தை வாரி அப்பினாள். ஒரு பலகை.

கண்ணை இமைத்தேன். அவன் வண்டியைவிட்டு நகர்ந்திருந்தான்.

இரண்டாவது பலகை. இமைத்தேன். தெருவின் நடுவில். முகம் எங்கள் பக்கம்.

"இமைக்காதடா, சனியனே!"

"முடியலக்கா!"

மூன்றாவது. கதவருகே அவன் கை. கடைசி இடுக்கில் அவள் தூரிகையைக் குத்தி இழுத்தாள். பிறகு சின்னத் தூரிகையால் குறுக்கே ஓர் இரும்புப் பட்டை; அதில் என் முஷ்டி அளவு பூட்டு. சாவித் துவாரம் வைக்காத பூட்டு.

மரத்தின் மேல் ஒரே ஓர் இடி. சட்டம் அதிர்ந்தது.

புகை வாடை போய்விட்டது.

அக்கா மூச்சு வாங்கினாள். மணிக்கட்டைத் தேய்த்துக்கொண்டே, "வாயாடியா நானு?" என்றாள்.

படத்தை நாங்கள் விற்கவில்லை. வாங்க வந்தவர்கள் உண்டு. கேட்ட விலைக்கே தலையாட்டி இன்னொருவர் தலையில் கட்ட எனக்கு மனம் வரவில்லை. மாடியிலேயே சுவரைப் பார்த்துத் திருப்பாமல், எங்களைப் பார்த்தே மாட்டியிருக்கிறோம். அது அக்காவின் ஏற்பாடு. "நான் எதுக்கு முதுகைக் காட்டணும்? அவன் காட்டட்டும்," என்றாள். அவனும் காட்டிக்கொண்டுதான் நிற்கிறான், கதவை நோக்கி, ஓங்கிய கையோடு.

நேற்று காலை அக்கா என்னைக் கூப்பிட்டாள். பூட்டின் நடுவில் கடுகளவு ஒரு கறுப்புப் புள்ளி.

சாவித் துவாரம்.

அவனுடைய ஓங்கிய கை இறங்கியிருந்தது. மூடிய விரல்களுக்கு நடுவே ஏதோ மின்னியது.

அக்கா தூரிகையை நாக்கில் தொட்டு நுனி கூராக்கினாள். "போடு, எத்தனை துளை வேணும்னாலும் போடு. என்கிட்ட பெயிண்ட் இருக்கு," என்று சொல்லிப் புள்ளியை அடைத்தாள்.

நான் கீழே ஓடினேன். கடைச் சாவிக்கொத்து தொங்கும் ஆணி வெறுமையாக இருந்தது.

வெறுமை என்று சொல்ல முடியாது. அதில் ஓர் இறகு தொங்கியது. கறுப்பு. நடுவில் ஒடிந்தது.

அதை எடுத்து என் சட்டைப் பையில், எல்லோருக்கும் தெரிகிற மாதிரி, குத்திக்கொண்டேன்.

சாவிக்கு இறகு என்று அவன் தன் விலையைச் சொல்லிவிட்டான். இனி என் முறை.