படுத்துக்கொண்ட அலமாரி

அந்த வீட்டில் ஒரே ஓர் அறை. அதை ஒட்டி ஒரு சமையலறை. அறையின் மூலையில் குளியலறைக்குப் போகும் கதவு. வீடு அவ்வளவுதான். அதில் அப்பா, அம்மா, சிராய், தம்பி என்று நான்கு பேர் இருந்தார்கள். ஐந்தாவதாக ஓர் அலமாரியும் இருந்தது. எல்லோரையும்விட அதிக இடத்தைப் பிடித்துக்கொண்டது அதுதான்.

சிராய் என்றால், மரத்தில் கை வைத்தால் குத்துமே, அதேதான். பத்து வயதுப் பெண்ணுக்கு இப்படி ஒரு பெயரா என்று கேட்காதீர்கள். அப்பா தச்சர். மகள் ஒரு கேள்வியைக் கேட்டால் பதில் வரும்வரை விடமாட்டாள். அதனால் அவர்தான் அப்படிக் கூப்பிட ஆரம்பித்தார். பள்ளிக்கூடப் பெயர் பள்ளிக்கூடத்தோடு சரி.

அலமாரியைச் செய்ததும் அப்பாதான். ஊருக்கெல்லாம் அலமாரி செய்கிறோம், நம் வீட்டில் சாமான்கள் தரையில் கிடக்கின்றனவே என்று அவருக்கு ஒருநாள் ரோஷம் வந்துவிட்டது. எட்டு ஞாயிற்றுக்கிழமைகள் அறைக்குள்ளேயே உட்கார்ந்து இழைத்தார். ஆறரை அடி உயரம், மூன்றரை அடி அகலம். ஓர் அங்குலத்தை எட்டாகப் பிரித்து, அதில் ஒரு பங்கை நூல் என்பார்கள் தச்சர்கள். அப்பாவின் வேலையில் அரை நூல்கூடப் பிசகாது.

வேலை முடிந்த பிறகுதான் ஒன்று தெரிந்தது. வாசலுக்கு வெளியே உள்ள குறுகலான நடையில் திருப்ப முடியாது; அலமாரி வெளியே போகவே போகாது.

"அது ஏன் வெளியே போகணும்? பிறந்த வீடே இதுதானே!" என்று அப்பா சிரித்தார்.

அலமாரி ஜன்னலில் பாதியை மறைத்துக்கொண்டு நின்றது. பட்டப்பகலிலும் விளக்குப் போட வேண்டியிருந்தது. அதன் கதவைத் திறக்க மேசையை நகர்த்த வேண்டும். குளியலறைக்குப் போக வேண்டுமென்றால் மேசைக்கும் அலமாரிக்கும் நடுவே நண்டு மாதிரி பக்கவாட்டில் போக வேண்டும்.

அப்பா தினமும் சாயங்காலம் அதைத் துணியால் துடைப்பார். "எப்படி இருக்கு?" என்று கேட்பார்.

"பிரமாதமா இருக்கு" என்பார் அம்மா, வயிற்றை எக்கிக்கொண்டு அந்தச் சந்தில் நுழைந்தபடியே.

இப்படியே போயிருக்கும். ஆனால் அத்தை ஏணியிலிருந்து விழுந்துவிட்டார்.

அத்தை அப்பாவின் அக்கா. நூலகத்தில் வேலை. மேல்தட்டுப் புத்தகத்தை எடுக்க எட்டியபோது ஏணி வழுக்கி, வலது கால் எலும்பு முறிந்துவிட்டது. அவர் தனியாக இருப்பவர். குடியிருப்பது நான்காவது மாடி, லிப்ட்டும் கிடையாது. ஆறு வாரம் வாக்கர் பிடித்துத்தான் நடக்க வேண்டும், தரையில் படுக்கக் கூடாது என்று மருத்துவர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

"நம்ம வீட்டுக்கு வந்துடுக்கா. தரைத்தளம், படியே இல்ல" என்றார் அப்பா, மருத்துவமனைக் கட்டிலின் பக்கத்தில் நின்றுகொண்டு.

அத்தை சிரித்தார். "உன் வீட்டுக்கா? நான் ஒரு அடி எடுத்து வைக்க நாலு பேரு எழுந்து சுவரோட ஒட்டிக்கணும். எதுக்குடா உங்களுக்குச் சிரமம்? ஊர்க் கோடியில நோயாளிகளைப் பாத்துக்கிற ஓய்வு இல்லம் ஒண்ணு இருக்காம். அங்க போயிடறேன்."

வாய்தான் சிரித்தது. கை போர்வையின் ஓரத்து நூலைப் பிடித்து இழுத்துக்கொண்டே இருந்தது. சிராய் அதைப் பார்த்தாள்.

ஊர்க் கோடி என்றால் இரண்டு பேருந்து மாற வேண்டும். வாரம் ஒருமுறை பார்த்தால் பெரிய விஷயம். கதை படிக்கும்போது பேய்க்கு மூக்கடைத்த குரலில் பேசிக்காட்ட உலகத்திலேயே அத்தை ஒருவரால்தான் முடியும். அவர் முகம் தெரியாதவர்கள் நடுவே ஆறு வாரம் கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருப்பதா?

"அத்தை, உங்க வாக்கரைக் கொஞ்சம் அளந்துக்கட்டுமா?"

"அளந்துக்கோ. சட்டை தைக்கப் போறியா?"

சிராய் தன் பையிலிருந்து அப்பாவின் பழைய அளவு நாடாவை எடுத்தாள். இரண்டு அடி, ஓர் அங்குலம்.

வீட்டுக்குப் பேருந்தில் திரும்பினார்கள். இறங்கும்போது அப்பா, "அக்கா சொல்றது சரிதான். இடம் எங்க இருக்கு?" என்றார்.

அன்று சமையலறையில் சிராய் அம்மாவிடம் காதும் காதும் வைத்தாற்போல் கேட்டாள். "அம்மா, அந்த அலமாரி இல்லன்னா வழி கிடைச்சிடும்ல?"

"உஷ்! அப்பா காதுல விழுந்துடப் போகுது. எட்டு ஞாயித்துக்கிழமை தூங்காம கொள்ளாம செஞ்சாரு. மனசு ஒடிஞ்சு போயிடும்டி."

"அத்தை அங்க போயிட்டா ஒடியாதா?"

அம்மா கழுவிய பாத்திரத்தையே திரும்பக் கழுவினார்.

அப்பாவிடம் எப்படிச் சொல்வது? சிராய் இரண்டு நாள் யோசித்தாள். 'அலமாரி தப்பு' என்று சொன்னால் அவர் முகம் வாடிவிடும். சொல்லாவிட்டால் அத்தை போய்விடுவார். சொல்லாமலே அவருக்குப் புரிய வைக்க முடியுமா?

மூன்றாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. காலையிலேயே சிராய் அப்பாவின் துண்டு மரங்களில் நான்கைப் பொறுக்கினாள். நல்ல கயிறாகப் பார்த்துச் சதுரமாகக் கட்டினாள். சட்டம் சரியாக இரண்டு அடி, ஓர் அங்குல அகலம்.

"அப்பா, ஒரு விளையாட்டு. இந்தச் சட்டத்தை ரெண்டு கையாலயும் முன்னால பிடிச்சுக்கிட்டு வாசல்லருந்து குளியலறை வரைக்கும் போகணும். எதுலயும் இடிக்கக் கூடாது."

"இதென்ன பிரமாதம்! கண்ணை மூடிக்கிட்டே போவேன்."

முதலில் தம்பி போனான். ஐந்து வயதுக்காரன் என்பதால் சட்டத்தோடு மேசைக்கு அடியில் நுழைந்து போய்விட்டு, "நான் ஜெயிச்சுட்டேன்!" என்று குதித்தான். அது கணக்கில் சேராது என்று அவனுக்குப் புரிய வைப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது.

பிறகு அப்பா கிளம்பினார். செருப்புக் குவியலைத் தாண்டினார். பெஞ்சு முனையில் 'டொக்'. சிரித்தார். மேசைக் காலில் 'டொக்'. மேசைக்கும் அலமாரிக்கும் நடுவே வந்ததும் சட்டம் நின்றுவிட்டது. தலைகீழாக நின்றாலும் நுழையாது போலிருந்தது. அப்பா வழக்கம்போல் உடம்பைத் திருப்பி, சட்டத்தையும் சாய்த்தார்.

"சாய்க்கக் கூடாதுப்பா" என்றாள் சிராய் மெதுவாக. "அத்தையால ஒத்தைக் காலை வச்சுக்கிட்டு சாய முடியாது."

அப்பா நின்றார். கையிலிருந்த சட்டத்தைப் பார்த்தார். இது எந்த அளவு என்று தச்சருக்குச் சொல்லவா வேண்டும்? காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்தார், திரும்பவும் செருகினார். அளவு நாடாவை இழுத்து அந்தச் சந்தை அளந்தார்.

"ஒரு அடி, பத்து அங்குலம்" என்றார். "மூணு அங்குலம் குறையுது. மேசையைத் தள்ளினா வாசல் பக்கம் அடைபட்டுடும்."

அம்மா சமையலறை வாசலில் வந்து நின்றார்.

"சுவரை அளந்தேன். ஜன்னலை அளந்தேன். நாம நடக்கிறதை அளக்காம விட்டுட்டேனே" என்றார் அப்பா. பிறகு அம்மாவைப் பார்த்து, "உனக்கு முன்னாடியே தெரியுமா?" என்று கேட்டார்.

"செஞ்ச அன்னிக்கே தெரியும்" என்றார் அம்மா.

அப்பா பெஞ்சில் உட்கார்ந்தார். "அப்போ பிரிச்சுப் போட்டுட வேண்டியதுதான். விறகுக்காவது ஆகும்."

"வேணாம்ப்பா!" சிராய் ஓடிப்போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். "அதைப் படுக்கப் போடலாம்."

"எதை? அலமாரியையா?"

"ஆமா. ஜன்னலுக்கு அடியில, நீளவாக்குல. இந்தப் பெஞ்சு இருக்கிற இடத்துல. ஆறரை அடி நீளம், மூணரை அடி அகலம். கட்டில் அளவு அதுதானே? அத்தை தரையில படுக்கக் கூடாதுல்ல?"

"நிக்கிறதுக்குச் செஞ்ச சாமானைப் போய் எவனாவது..." என்று ஆரம்பித்த அப்பா பாதியில் நிறுத்தினார். அலமாரியின் உள்தட்டை விரலால் தட்டிப் பார்த்தார். "கதவு மேல் பக்கம் வந்துடுமே. மேல மெத்தை போட்டா எப்படித் திறப்ப?"

சிராய் விழித்தாள். அதை அவள் யோசிக்கவே இல்லை.

"தெரியலப்பா. ஆனா நீங்க செஞ்சதுங்கிறதாலதான் சொன்னேன். வேற யாரு செஞ்சிருந்தாலும் ஆள் படுத்தா உடைஞ்சிடும்."

அப்பாவின் பென்சில் மறுபடி காதிலிருந்து இறங்கியது. இந்த முறை திரும்பிப் போகவில்லை. பக்கப் பலகையில் ஒரு கோடு போட்டார், இன்னொரு கோடு போட்டார்.

"கதவைக் கழட்டிட்டு அதையே மேல் பலகையா ஆக்கிடலாம். இந்தப் பக்கத்துல மூணு வாய் வெட்டி மூணு இழுப்பறை. பெஞ்சுப் பலகை இருக்கே, அதுல செஞ்சிடலாம்." எழுந்தே விட்டார். "முதல்ல உள்ள இருக்கிறதையெல்லாம் வெளிய எடுங்க!"

எடுத்தார்கள். அறை கொள்ளவில்லை. விரியாத குடைகள் நான்கு. டப்பாவே இல்லாத மூடிகள் பதினொன்று. ஒற்றைக் காலுறைகள் ஒரு பை நிறைய. வளைந்த ஆணிகள் ஒரு டின் முழுக்க.

"அதைத் தொடாதீங்க, என்னிக்காவது தேவைப்படும்" என்றார் அப்பா.

"எட்டு வருஷமா அந்த என்னிக்காவது வரவே இல்லையே" என்றார் அம்மா.

அம்மாவுக்குத் தபால் நிலையத்தில் கடிதம் பிரிக்கும் வேலை. இந்த மாதிரிக் குவியலைக் கண்டால் அவருக்குக் கை பரபரக்கும். தரையில் சப்பணம் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

"ஒவ்வொரு சாமானுக்கும் ஒரு விலாசம் வேணும். எங்க இருக்கும், யாரு எடுப்பாங்கன்னு சொல்லுங்க. தினமும் எடுக்கிறது கைக்கு எட்டுற இடத்துக்கு. எப்பவாவது எடுக்கிறது இழுப்பறைக்கு. விலாசம் இல்லாதது வாசலுக்கு வெளியே."

"எனக்கு விலாசம்?" என்று தம்பி குவியலுக்குள்ளிருந்து தலையை நீட்டினான்.

"நீ தினமும் எடுக்கிற சாமான்" என்று அவனைத் தூக்கி ஓரமாக வைத்தார் அம்மா.

குடைகள் போயின. மூடிகள் போயின. ஆணி டின்னுக்காக அப்பா கொஞ்ச நேரம் வாதாடிப் பார்த்துவிட்டு, அவரே கொண்டுபோய் வெளியே வைத்தார். கடைசியில் மிச்சமிருந்தது பாதிகூட இல்லை.

அன்று மாலை நான்கு பேரும் சேர்ந்து அலமாரியைச் சாய்த்தார்கள். அது மெல்ல மெல்ல இறங்கித் தரையில் படுத்தது. அப்போது யாரும் எதிர்பார்க்காத ஒன்று நடந்தது. ஜன்னல் முழுதாகத் திறந்து, வெயில் எதிர்ச்சுவர்வரை போய் விழுந்தது.

"நம்ம சுவர் மஞ்சளா!" என்றான் தம்பி.

அடுத்த ஒரு வாரம் அப்பா வேலையிலிருந்து வந்ததும் உளியும் இழைப்புளியுமாக உட்கார்ந்தார். சிராய் சளைக்கவில்லை. மேசையைச் சுவரோடு கீல் போட்டு மாட்டினால் சாப்பிடும்போது விரிக்கலாம், மற்ற நேரம் மடக்கலாம் என்றாள். செருப்புகளுக்குக் கதவின் பின்னால் கொக்கி கேட்டாள். தினமும் அந்தச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு வாசலிலிருந்து குளியலறைவரை நடந்து பார்த்தாள். சனிக்கிழமை ஒரு 'டொக்'கூடக் கேட்கவில்லை.

அன்றைக்கே அப்பா மருத்துவமனைக்குப் போனார். "அக்கா, ஒரு நாள் மட்டும் இருந்து பாரு. சிரமமா இருந்தா நானே உன்னை அந்த இல்லத்துல கொண்டுபோய் விடறேன்" என்று கெஞ்சிக் கூத்தாடிச் சம்மதிக்க வைத்தார்.

திங்கட்கிழமை அத்தை வந்தார். வாசலில் வாக்கரைப் பிடித்துக்கொண்டு நின்றார். உள்ளே காலை வைக்கவே தயங்கினார்.

"எல்லாரும் கொஞ்சம் நகந்துக்கோங்க. நான் இடிச்சுடப் போறேன்" என்றார்.

"நீங்க பாட்டுக்கு வாங்க அத்தை" என்றாள் சிராய்.

அத்தை வாக்கரை ஊன்றினார். ஓர் அடி. இன்னோர் அடி. அம்மா சமையலறையில் காய் நறுக்கிக்கொண்டிருந்தார், நிறுத்தவில்லை. தம்பி சுவரோரம் கட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்தான், நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. அத்தை அவனைத் தாண்டினார், மடக்கிய மேசையைத் தாண்டினார், நேராக ஜன்னலடிக்கு வந்து மெத்தையில் உட்கார்ந்தார். மேல் மூச்சு வாங்கியது. வந்த வழியைத் திரும்பிப் பார்த்தார்.

"யாருமே நகரலையே!" என்றார்.

"நாங்க ஏன் நகரணும்?" என்றான் தம்பி, கட்டையிலிருந்து கண்ணை எடுக்காமல். "அதான் உங்களுக்கு வழி இருக்கே."

அத்தை மெத்தையை ஒருமுறை தடவிப் பார்த்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு சிராயைப் பக்கத்தில் இழுத்து உட்கார வைத்துக்கொண்டு, பையிலிருந்து ஒரு புத்தகத்தை எடுத்தார்.

"சரி, பேய் வர்ற பக்கம் எது, சொல்லு" என்றார், மூக்கடைத்த குரலில்.