பின்பாரம்

பின்பக்கத்தைத் தூக்கிக் கொக்கியில் மாட்டி, ஒரு லாரி ஜீப் ஒன்றை இழுத்துவந்து பட்டறை வாசலில் இறக்கிவிட்டுப் போனது. தூறல் விழுந்துகொண்டிருந்தது. லாரியின் முன்சீட்டிலிருந்து இறங்கிய சிட்டுவின் சேலையில் முழங்கால்வரை சேறு. மலைப்பாதையில் ஜீப் ஓட்டிப் பிழைக்கும் அவளுக்கு அந்தப் பட்டறையின் மெக்கானிக்தான் கணவன்.

"சக்கரம் எங்கே?" என்றான் அவன்.

"பின்சீட்ல கிடக்கு. பாதி ஆக்ஸில் ஷாஃப்டோட."

அவன் தலையிலடித்துக்கொண்டான். "இது ரெண்டாவது தடவை, சிட்டு. நான் ஆக்ஸில் மாத்துறேனா, நகத்துக்குப் பூச்சு மாத்துறேனா?"

ஜீப்பைத் தாங்கிகளின் மேல் நிறுத்திவிட்டு, விளக்கைப் பிடித்துக்கொண்டு அடியில் நுழைந்தான். கொஞ்ச நேரம் சுத்தியல் சத்தம் கேட்டது. பிறகு அதுவும் நின்றது.

"நிஜத்தைச் சொல்லு. என்ன ஏத்திட்டுப் போன?"

"ஒண்ணும் ஏத்தலைங்க. நான் மட்டும்தான்."

"ஷாஃப்ட் உடைஞ்சது சரி. இங்க ஷாஃப்டை மூடியிருக்கிற குழாயே நடுவுல தொங்கிப்போயிருக்கு. ஸ்பிரிங் பட்டை எல்லாம் சப்பையாயிடுச்சு. காலி வண்டில இப்படி ஆகாது."

அவள் குனிந்து, வண்டிக்கு அடியில் தெரிந்த அவன் முகத்தைப் பார்த்தாள்.

"வளைவுல ஏறுச்சு," என்றாள்.

"எது?"

"தெரியலை."

மேலே, மலையுச்சி நீர்த்தேக்கத்தில் சிட்டுவின் அக்கா பம்ப் ஆபரேட்டர். சிறுநீரகம் இரண்டும் கைவிட்டுவிட்டன. வாரம் இருமுறை கீழே ஆஸ்பத்திரிக்கு வந்து ரத்தத்தைச் சுத்தம் செய்துகொண்டு போக வேண்டும். மேலே போகும் ஒரே பாதையில் பாறை வளைவு என்று ஓர் இடம். ஒரு பக்கம் கரும்பாறை, மறுபக்கம் பள்ளம், பட்டப்பகலிலும் விலகாத மூடுபனி. சில மாதங்களாக அங்கிருந்து ஒவ்வொரு ஜீப்பாகத் திரும்பி வந்தது. முதுகுக்குப் பின்னால் ஒரு குரல் 'இறங்கு' என்கிறது, வண்டியைத் திருப்பிக் கீழே வந்துவிட்டால் ஒன்றும் செய்வதில்லை என்று டிரைவர்கள் சொன்னார்கள். சொன்னவர்கள் யாரும் மறுபடி மேலே போகவில்லை.

சிட்டு போனாள். முதல் முறை ஆக்ஸில் உடைந்தபோது தேய்மானம் என்று நினைத்தாள். இன்று குரலையே கேட்டுவிட்டாள்.

"இறங்குன்னுச்சு. நான் ஆக்ஸிலரேட்டரை அழுத்துனேன். அவ்வளவுதான், டொக்குன்னு ஒரு சத்தம்."

மெக்கானிக் வெளியே வந்து கைகளைக் கந்தலில் துடைத்தான். துடைத்த இடத்தையே மறுபடி துடைத்தான்.

"பேய் பிசாசெல்லாம் எனக்குத் தெரியாது. பலவீனமான ஆக்ஸில், பாரம் தாங்கலை. நான் சொல்றது அது."

"நானும் அதைத்தான் சொல்றேன். பாரம் தாங்குற மாதிரி ஒண்ணு போடுங்க."

அப்போது அக்கா போனில் கூப்பிட்டாள். வார்த்தைக்கு வார்த்தை மூச்சு இழுத்தது. "கண்ணாடியில பாத்தா வேற எவளோ நிக்கிறாடி. அவ்வளவு வீக்கம். படுத்தா மூச்சு முட்டுது. நீ வராட்டியும் பரவாயில்ல சிட்டு... வண்டி போனா போகுது, நீ போயிடாத."

"வாயை மூடு. நாளைக்கு வர்றேன்."

மெக்கானிக் அதற்குமேல் விவாதிக்கவில்லை. பழைய இரும்புக் கிடங்கில், நொறுங்கிக் கிடந்த ஒரு சரக்கு வண்டியிலிருந்து முழு பின்ஆக்ஸிலைக் கழற்றி வந்தான். கன்றுக்குட்டி கனம். இதில் உள்ளே இருக்கும் ஷாஃப்ட் சக்கரத்தைச் சுழற்ற மட்டும்தான். பாரத்தைச் சுமப்பது வெளிக்குழாய். ஷாஃப்ட் முறிந்தாலும் சக்கரம் கழன்று ஓடாது. முன்ஆக்ஸிலின் பற்சக்கரமும் பின்ஆக்ஸிலின் பற்சக்கரமும் ஒத்துப்போகின்றனவா என்று கையால் சுற்றிச் சுற்றிப் பார்த்தான். ஒத்துப்போகாவிட்டால் நான்கு சக்கரமும் ஒன்றையொன்று இழுத்துச் சாகும். ஸ்பிரிங் உட்காரும் தகடுகளை வெட்டி இடம் மாற்றிப் பற்றவைத்தான். சிட்டு பிரேக் குழாயைப் பூட்டினாள். அவன் பழைய ஸ்பிரிங் பட்டைகளை எறிந்துவிட்டுப் புதுக் கட்டு போட்டு, அதன் மேல் கூடுதலாக ஒரு பட்டையையும் வைத்து, போல்ட்டை நரம்பு புடைக்க முறுக்கினான்.

"உன் பேய்க்கும் என் தேய்மானத்துக்கும் மருந்து ஒண்ணுதான். இனி யானை ஏறினாலும் அசையாது."

இறக்கி நிறுத்தியபோது ஜீப் பின்பக்கம் தூக்கிக்கொண்டு, சண்டைக்கு நிற்கும் ஆட்டுக்கடாவைப் போல நின்றது.

"நானும் வர்றேன்," என்றான்.

"வேண்டாம். உடைஞ்சா இழுத்துட்டு வர ஒரு ஆள் கீழ வேணும்." வண்டியில் ஏறியவள் அவன் முகத்தைப் பார்த்துவிட்டுச் சொன்னாள். "பயமாத்தான் இருக்கு. அதுக்காகப் போகாம இருக்க முடியுமா?"

மறுநாள் நண்பகல். பாதி மலை ஏறியதுமே வெயில் அணைந்தது. பனி சாம்பல் நிறத்தில் இறங்கி முன்கண்ணாடியில் ஒட்டிக்கொண்டது. பறவைகளின் சத்தம் எந்த இடத்தில் நின்றது என்று அவளுக்குத் தெரியவில்லை. டயருக்கடியில் சரளை நொறுங்குவது மட்டும், யாரோ பல்லைக் கடிப்பது போலக் கேட்டது.

முதலில் வாசனை வந்தது. தண்ணீர் ஊற்றி அணைத்த அடுப்பின் வாசனை.

பிறகு பாறை தெரிந்தது.

ஜீப்பின் பின்பக்கம் தாழ்ந்தது.

குலுங்கவில்லை. அவசரமில்லாமல், உரிமைப்பட்ட இடத்தில் ஒருவர் கால் வைத்து ஏறி, நகர்ந்து, வசதியாக உட்காருவது போலத் தாழ்ந்தது. சிட்டு கண்ணாடியில் பார்த்தாள். காலி சீட்டு. அசையாத கித்தான் கூரை.

ஸ்டியரிங் கையில் லேசாகிப்போனது. பாரம் முழுக்கப் பின்னால் சாய, முன்சக்கரங்கள் தரையைத் தொட்டும் தொடாமலும் பள்ளத்தின் பக்கம் நகர்ந்தன. என்ஜின் மூச்சுத் திணறியது.

பிடரியில் குளிர்ந்த காற்று பட்டது.

"இறங்கு."

ஆணா பெண்ணா என்று சொல்ல முடியாத குரல். கோபம்கூட இல்லை. நெடுநாள் சொல்லிச் சொல்லிப் பழகிய குரல்.

சிட்டு கிளட்சை மிதித்து, நான்கு சக்கர இழுவையைச் சின்ன கியருக்குத் தள்ளினாள்.

"இறங்கு."

"இது என் வண்டி," என்றாள். பாதிதான் சத்தம் வந்தது. இன்னொரு முறை உரக்கச் சொன்னாள். "இது என் வண்டி. நீ இறங்கு. இறங்க மனசில்லைன்னா வாயை மூடிட்டு ஒழுங்கா உக்காந்து வா. எங்கக்கா மேல மூச்சில்லாம கிடக்குறா."

பாரம் கூடியது.

அடியில் இரும்பு முனகியது. பட்டைகள் ஒவ்வொன்றாக வளைந்து கடைசிப் பட்டையில் முட்டின. உடையப்போகிறது என்று தோள்களை இறுக்கிக்கொண்டாள்.

உடையவில்லை.

வண்டி, ஒரு சாண், இன்னொரு சாண் என்று ஊர்ந்து, பாறையைச் சுற்றி, வளைவைத் தாண்டி, வெயிலுக்குள் நுழைந்தது. சிட்டு அழுதாள். அழுதுகொண்டே, வாய்க்கு வந்த கெட்ட வார்த்தைகளை எல்லாம் சொல்லித் திட்டிக்கொண்டே ஓட்டினாள்.

பின்பக்கம் மட்டும் நிமிரவேயில்லை.

பம்ப் அறை வாசலில் அக்கா சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். முகம் ஊதி, கண்கள் கீற்றாகியிருந்தன. கால் நீட்டிச் சாய்ந்துகொண்டு வரட்டும் என்று சிட்டு பின்கதவைத் திறந்துவிட்டாள். அக்கா உள்ளே கை நீட்டினாள். உடனே இழுத்துக்கொண்டாள்.

"யாரையாவது கூட்டிட்டு வந்தியா?"

"ஏன்?"

"சீட்டு அமுங்கியிருக்குடி." மூச்சு வாங்கினாள். "சூடா இருக்கு."

இருவரும் காலி சீட்டைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். பிறகு சிட்டு அக்காவின் இடுப்பைப் பிடித்து முன்சீட்டில் ஏற்றினாள்.

"என்னடி அது?"

"வழியில ஏறுனது. இறங்க மாட்டேங்குது."

கீழே வரும்போது பாறை வளைவில் சிட்டு என்ஜினை அணைத்தாள். "உன் இடம் வந்தாச்சு. இறங்கறதுன்னா இப்பவே இறங்கு."

பனி வண்டியைச் சுற்றி நகர்ந்தது. குரல் வரவில்லை. பாரமும் குறையவில்லை. பின்னால் யாரோ நீளமாக மூச்சை விட்டது போல இருந்தது, காற்றாகவும் இருக்கலாம்.

"வரட்டும் விடுடி," என்றாள் அக்கா, கண்ணைத் திறக்காமல். "நான் போறது ஆஸ்பத்திரி. அது வேணா போய்க் கிட்னி குடுக்கட்டும்."

சிட்டுவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சாவியைத் திருப்பினாள்.

அன்று அக்கா பிழைத்தாள். வாரம் இருமுறை சிட்டு போய்வந்தாள். பாறை வளைவில் வெயில் விழத் தொடங்கியது. மற்ற டிரைவர்களும் மெல்ல மெல்லத் திரும்பினார்கள். அவர்களுடையவை பழைய வண்டி, பழைய ஆக்ஸில்தான், ஆனாலும் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. குரல் எங்கோ போய்விட்டது என்று பேசிக்கொண்டார்கள்.

ஒரு மாலை, பட்டறையில் காலி ஜீப்பின் பின்னால் குந்தி, மெக்கானிக் ஸ்பிரிங்குக்கும் வண்டிச் சட்டத்துக்கும் நடுவே விரல்களை வைத்துப் பார்த்தான். இரண்டு விரல்கூட நுழையவில்லை. முன்சக்கரத்தருகே போய்ப் பார்த்தான். திரும்பி வந்து மறுபடி பார்த்தான். ஜாக்கியைக் கொண்டுவந்து, மூலையில் கிடந்த பட்டைகளில் தடித்த ஒன்றைத் தேர்ந்தெடுத்து, கூடுதலாகச் சேர்த்துப் பூட்டினான்.

"தேய்மானமா?" என்றாள் சிட்டு.

"போல்ட்டைக் கொடு," என்றான்.

வேலை முடிந்து அவன் கைகழுவப் போனான். சிட்டு விளக்கை அணைத்துவிட்டு, பட்டறையின் ஷட்டரை இழுக்கக் கை உயர்த்தினாள். ஜீப்பின் பின்கதவைத் திறந்தேதான் விட்டிருந்தாள். அது சத்தமில்லாமல் சாத்திக்கொண்டது. உள்ளே கொண்டி விழுந்தது.

அவள் பின்வாங்கவில்லை.

"காலையில சீக்கிரம் கிளம்பணும். ராத்திரி சத்தம் போட்டா நடுரோட்டுல இறக்கி விட்டுடுவேன்."

புதுப் பட்டை ஒருமுறை முனகியது. பிறகு ஜீப்பின் பின்பக்கம், ஏற்கெனவே உட்கார்ந்திருப்பவர் நகர்ந்து இடம் கொடுக்க இன்னொருவர் பக்கத்தில் உட்கார்ந்தது போல, மெதுவாக, இன்னும் கொஞ்சம் தாழ்ந்தது.