மாஸ்டர் வீட்டுச் சாவி

"பஸ்ஸுலயா போகப்போற? போ, போ! கார் இருக்கிற வீட்டு மருமக துணி மூட்டையைத் தூக்கிக்கிட்டு பஸ்ஸுக்கு நிக்கிறாளேன்னு நாலு பேர் பாத்துச் சிரிக்கட்டும்!"

காலை ஏழரை மணிக்கே மாமியார் ஆரம்பித்துவிட்டாள். மருமகளோ, கண் ஆஸ்பத்திரி நர்சுகளுக்குத் தைத்த சீருடைகளை இருபது இருபதாக அடுக்கி, பழைய போர்வைகளில் வைத்து முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தாள். மூன்று மூட்டை. ஏழு நாளாக இப்படி மூட்டைகளோடு பஸ்ஸில்தான் பயணம். நேற்று கண்டக்டர் மூட்டைகளுக்கும் டிக்கெட் எடுக்கச் சொன்னார். எடுத்தாள். அப்படியானால் மூட்டைகளுக்கு உட்கார இடம் கொடுங்கள் என்று கேட்டிருக்கலாம். என்ன செய்வது, நல்ல பதிலெல்லாம் அவளுக்கு வீடு வந்து சேர்ந்த பிறகுதான் தோன்றும்.

"நாப்பது வருஷம் டிரைவிங் ஸ்கூல் நடத்தினவர் உன் மாமனார். அவர் ஓட்டின வண்டியில ஒரு கீறல் உண்டா? அந்த மனுஷனோட காரைப் போய்... ஐயோ, சொல்லவே வாய் கூசுது!"

செய்தித்தாளுக்குப் பின்னால் மாமனார் இருமினார். ஏழு நாளாக அவருக்கு இந்த இருமல். 'ஒரு கீறல் உண்டா' என்று யாராவது சொன்னால் போதும், உடனே வந்துவிடும். மாமியாரும் வெந்நீர் வைத்துக் கொடுத்து அலுத்துவிட்டாள்.

ஊரில் பாதிப் பேருக்கு அவர்தான் வண்டி ஓட்டக் கற்றுக்கொடுத்தவர். எல்லோருக்கும் 'மாஸ்டர்'. பள்ளியை மூடி ஒன்பது வருடம் ஆகியும், வீட்டில் அவர் போட்ட சாவிச் சட்டம் மட்டும் அமலில் இருந்தது. முன்கூடத்துச் சுவரில் மூன்று ஆணி; அவருக்கொன்று, மகனுக்கொன்று, மருமகளுக்கொன்று. காரில் கீறல் விழுந்தால், விழ வைத்தவரின் சாவி ஓராண்டுக்கு அவருடைய இரும்புப் பெட்டிக்குள் போய்விடும். நான்கு வருடத்துக்கு முன்பு மகன் ஒரு பக்கக் கண்ணாடியை உரசிவிட்டு வருடம் முழுவதும் ஆபீசுக்கு ஆட்டோவில் போனான். அந்தக் கடுப்பு அவனுக்கு இன்னும் ஆறவில்லை.

"பத்து மணிக்கு இன்சூரன்ஸ் சர்வேயர் வராரு" என்றான் அவன், சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே. "இன்னிக்கு நீ எங்கயும் நகரக்கூடாது. ஓட்டினவங்க கையெழுத்து வேணுமாம். ஆறு வருஷமா க்ளெய்மே பண்ணாம காப்பாத்தின போனஸ்... எல்லாம் போச்சு! உனக்கென்ன, நிம்மதியா மூட்டை கட்டு!"

முதலில் இன்சூரன்ஸ் பேச்சே இல்லை. இடிபட்டது எதிர்வீட்டுப் பல் டாக்டரின் கார். "அக்கம்பக்கத்துல இருக்கோம், வெளியிலேயே முடிச்சுக்கலாம்" என்று அவரே பெருந்தன்மையாகச் சொன்னார். முதல் நாள் அவர் கேட்டது உடைந்த பின்விளக்கு ஒன்றுதான். மூன்றாம் நாள் பம்பரும் சேர்ந்துகொண்டது. ஐந்தாம் நாள், "கதவு மூடுற சத்தமே மாறிப்போச்சு சார்" என்று வந்து நின்றார். ஒரு பல்லைக் காட்டப் போனவருக்கு நாலு பல்லை எண்ணிச் சொல்லிப் பழகிய மனிதர். இதற்கு மேல் தாங்காது என்றுதான் மகன் இன்சூரன்சுக்குப் போன் போட்டான். கணக்குத் தீரும்வரை காரை யாரும் தொடக்கூடாது என்று, இடித்த அன்றைக்கே அவன் உறை போட்டு மூடியும் வைத்திருந்தான்.

இத்தனைக்கும் அவள் அன்று ஸ்டியரிங்கைத் தொடவே இல்லை!

மாலை ஆறரை மணி இருக்கும். மறுநாள் மருமகள் மூட்டைகளோடு கிளம்ப வசதியாக இருக்கட்டுமென்று மாமனாரே காரைப் பின்னால் எடுத்துத் திருப்பி நிறுத்தப் போனார். அவள் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "மாமா, போதும்... மாமா!" என்பதற்குள் டமார்! அவர் இறங்கி நின்றார். அவள் ஓடிப்போய்க் கார்க் கதவைப் பிடித்த அதே நேரத்தில், வாய் திறந்த நோயாளியை நாற்காலியில் அப்படியே விட்டுவிட்டுக் கையுறையோடு ஓடிவந்தார் டாக்டர்.

"யாரும்மா இடிச்சது? நீங்களா?"

அவள் மாமனாரின் முகத்தைப் பார்த்தாள். நாற்பது வருடப் பெயர் அந்த முகத்தில் கண்ணெதிரே கரைந்துகொண்டிருந்தது.

"ஆமாங்க" என்றாள். அவ்வளவுதான்.

இரவுக்குள் அவரே சொல்லிவிடுவார் என்று நினைத்தாள். சொல்லவில்லை. மகன் நச்சரித்ததில், அவளுடைய சாவியை அவரே ஆணியிலிருந்து எடுத்து, அவரே பெட்டியில் போட்டுப் பூட்டினார். பூட்டும்போது வந்ததுதான் அந்த முதல் இருமல்.

இன்று காலை ஒன்பதரை மணிக்கு மாமனார் சமையலறை வாசலில் வந்து நின்றார்.

"அம்மா... இந்த வீட்டுல என் பேச்சு எடுபடுறது அந்த வண்டி விஷயத்துல மட்டுந்தாம்மா. அதுவும் போச்சுன்னா..."

"நான் ஒண்ணும் கேக்கலையே மாமா."

"கேட்டிருந்தா தேவலையே! திட்டியிருந்தாக்கூட நிம்மதியா இருந்திருப்பேனே!"

அவளுக்குக் கண்ணில் நீர் முட்டியது. கோபமும்தான் வந்தது. மூட்டை தூக்கித் தூக்கித் தோள்பட்டை விண்விண் என்று தெறித்தது. ஒரு வருடம்! எத்தனை பஸ், எத்தனை கண்டக்டர்! ஆனாலும் அந்த ஆறடி மனிதர் வாசல்படியில் குன்றிப்போய் நிற்பதைப் பார்க்க முடியவில்லை. திரும்பிக்கொண்டு பாத்திரத்தைத் தேய்த்தாள். அது ஏற்கெனவே தேய்த்த பாத்திரம்.

சர்வேயர் பத்து மணிக்கு டாணென்று வந்தார். மாமனாரைப் பார்த்ததும் கையிலிருந்த ஃபைலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கும்பிட்டார்.

"மாஸ்டர்! என்னை ஞாபகமிருக்கா? மூணு தடவை ஃபெயிலானவன். நாலாவது தடவை உங்களாலதான் பாஸானேன்!"

"ஞாபகமிருக்கு" என்றார் மாஸ்டர் ஈனசுவரத்தில். தான் இத்தனை நன்றாகக் கற்றுக்கொடுத்திருக்கக் கூடாது என்று அவருக்கு அப்போது தோன்றியிருக்க வேண்டும்.

உறையை விலக்கினார்கள். டாக்டரும் வந்து சேர்ந்தார். சர்வேயர் இரண்டு கார்களையும் சுற்றிச் சுற்றிப் படமெடுத்தார்.

"இடிச்சதுக்கு அப்புறம் வண்டியை யாராவது தொட்டீங்களா?"

"ஒரு விரல் படலை சார்!" என்றான் மகன் பெருமையாக.

சர்வேயர் டிரைவர் சீட்டில் உட்கார்ந்தார். கால்களை நீட்டிப் பார்த்தார். பின்கண்ணாடியைப் பார்த்தார். இறங்கி, மருமகளை ஏற இறங்கப் பார்த்தார். அவள் ஐந்தடிக்கு இரண்டு அங்குலம் குறைவு.

"மேடம், சீட்டை அசைக்காம கொஞ்சம் உக்காருங்க. அன்னிக்கு எப்படி ரிவர்ஸ் எடுத்தீங்கன்னு காட்டுங்க."

அவள் உட்கார்ந்தாள். கால் காற்றில் துழாவியது. நுனிக்கு நகர்ந்தாள். இன்னும் நகர்ந்தாள். பாதி படுத்தே விட்டாள்.

"பிரேக் எங்க மேடம்?"

"இங்கதான் சார்... எங்கயோ இருக்கு."

"கண்ணாடியில என்ன தெரியுது?"

"கார் கூரை தெரியுது சார்."

டாக்டர் சிரிப்பை அடக்கப் பார்த்து மூக்கால் சிரித்தார். சர்வேயர் திரும்பினார்.

"மாஸ்டர், நீங்க சொல்லிக்குடுத்த முதல் பாடம் என்ன?"

"சீட், கண்ணாடி, பெல்ட்" என்றார் மாஸ்டர். நாற்பது வருடப் பழக்கம், வாய் தானாகச் சொல்லிவிட்டது.

மருமகள்தான் அவசரமாக முந்திக்கொண்டாள்.

"நான்... சீட்டைச் சரிபண்ணாமலே எடுத்துட்டேன் சார். கண்ணாடியும் பாக்கலை. அதனாலதான் இடிச்சிடுச்சு!"

"கேட்டீங்களா அப்பா!" மகன் தலையில் அடித்துக்கொண்டான். "முதல் பாடமே தெரியலை! இவ கையில சாவியைக் குடுத்தோமே!"

"அடிப்பாவி!" என்றாள் மாமியார்.

"அப்படியே எழுதிக் கையெழுத்துப் போடுங்க மேடம்" என்றார் சர்வேயர் மெதுவாக. "பின்னால பொய்னு தெரிஞ்சா க்ளெய்ம் தள்ளுபடியாகும். வம்பும் உங்க பேர்லதான் வரும். யோசிச்சுப் போடுங்க."

அவள் பேனாவை வாங்கினாள். தாளில் முனையை வைத்துவிட்டாள்.

"எறங்கும்மா கீழே!"

தெருவே திரும்பிப் பார்த்தது. கிளட்சை விடத் தெரியாதவர்களை எல்லாம் கதிகலங்க வைத்த அந்தக் குரலை ஒன்பது வருடத்துக்குப் பிறகு எல்லோரும் கேட்டார்கள்.

"சீட்டைச் சரிபண்ணாம எடுத்தாளாம்! யார்கிட்ட சொல்றா? இவளுக்கு ஓட்டக் கத்துக்குடுத்தது நான்! அந்த சீட்டை முன்னால தள்ளாம, கண்ணாடியைத் திருப்பாம, என் பிள்ளை சாவியைக்கூடத் தொட மாட்டா! நாப்பது வருஷத்துல இவளை மாதிரி ஒருத்தி என்கிட்ட படிச்சதில்லை... இடிச்சது நான். நான்தான்டா இடிச்சேன்!"

"அப்பா...!"

"இடது கண்ணுல ஒரு வருஷமா புகை மூட்டமா இருக்கு. சொன்னா வண்டியை விட்டு எறக்கிடுவீங்கன்னு பயந்தேன். பழியை இவ தூக்கிக்கிட்டா, நான் கல்லு மாதிரி பாத்துக்கிட்டிருந்தேன்..." காரின் மீது சாய்ந்து குலுங்கிக் குலுங்கி அழுதார்.

"ஏழு நாளா இருமுனீங்களே, அது இதுக்குத்தானா?" என்றாள் மாமியார். பிறகு ஓடிப்போய் மருமகளை இழுத்து மார்போடு அணைத்துக்கொண்டாள். "ஏன்டி, என்னை இப்படிப் பேச விட்டு வேடிக்கை பாத்தியே! ஒரு வார்த்தை 'நிறுத்துங்க அத்தை'ன்னு சொல்லக்கூடாதா? வாயில்லாப் பூச்சியா நீ?"

"நீங்க நிறுத்தினாத்தானே அத்தை சொல்றதுக்கு!"

நல்ல பதில் ஒன்று, முதல் தடவையாக, சரியான நேரத்தில் வந்துவிட்டது. அழுதுகொண்டிருந்த மாமியாரே சிரித்துவிட்டாள்.

சர்வேயர் தொண்டையைச் செருமினார். "டாக்டர் சார், பம்பர் விரிசல்ல நல்லாப் பாசி பிடிச்சிருக்கு. ஏழு நாள்ல இவ்வளவு பாசி பிடிக்குமா?"

டாக்டர் பாசியைப் பார்த்தார், அழுகிற மாஸ்டரைப் பார்த்தார். அவரும் இதே மனிதரிடம் ஓட்டக் கற்றவர்தான். "அது... பழசுதான். விளக்கை மட்டும் மாத்திக் குடுங்க மாஸ்டர், போதும். வெளியிலேயே முடிச்சுக்கலாம்" என்றவர், "கதவுச் சத்தமும் பழைய சத்தந்தான்" என்று தாமாகவே சேர்த்துக்கொண்டார்.

"அப்ப க்ளெய்ம் வேண்டாமா? என் போனஸ் போகலையா?" என்று மலர்ந்த மகன், மனைவியின் முகத்தைப் பார்த்ததும் வாயைப் பொத்திக்கொண்டான். "இல்ல... அது இப்ப முக்கியமில்ல... என்னை மன்னிச்சிடும்மா." உள்ளே போய் மூன்று மூட்டைகளையும் ஒரே நேரத்தில் தூக்கி வந்தான். வழியில் ஒரு மூட்டை அவிழ்ந்து சீருடைகள் படிக்கட்டு முழுக்கச் சிதறின. அவற்றையும் அவனே பொறுக்கி மடித்தான்.

மாஸ்டர் இரும்புப் பெட்டியைத் திறந்தார். மருமகளின் சாவியை எடுத்து அவள் உள்ளங்கையில் வைத்தார். சுவரிலிருந்து தம்முடைய சாவியைக் கழற்றிப் பெட்டிக்குள் போட்டுப் பூட்டினார்.

"மாமா, அதெல்லாம் வேண்டாம்..."

"சட்டம் சட்டந்தாம்மா."

மருமகள் டிரைவர் சீட்டை முன்னால் இழுத்தாள். கண்ணாடியைத் திருப்பினாள். பெல்ட்டைப் போட்டாள். பிறகு எட்டிப் பக்கத்துக் கதவைத் திறந்துவிட்டாள்.

"ஏறுங்க மாமா. நான் மூட்டை கொண்டுபோறது எந்த ஆஸ்பத்திரிக்குன்னு மறந்துட்டீங்களா?"

அவர் தயங்கினார். பிறகு ஏறினார். அவிழ்ந்துபோயிருந்த அந்த மூட்டையை மடியில் வைத்துக்கொண்டார். வண்டி உறுமியது. பின்னால் டாக்டரின் கார், உடைந்த விளக்கோடு அதே இடத்தில் நின்றது. மாமனார் பழக்கத்தில் கழுத்தைத் திருப்பிப் பின்னால் பார்த்தார். கண்ணைச் சுருக்கினார். துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தார்.

"எனக்குத் தெரியலம்மா" என்றார். வாழ்நாளில் ஸ்டியரிங் பக்கத்தில் உட்கார்ந்து அவர் அந்த வார்த்தையைச் சொன்னதே இல்லை.

"எனக்குத் தெரியுது மாமா" என்று சொல்லி அவள் வண்டியைப் பின்னால் எடுத்தாள்.