உங்க மூஞ்சிக்குப் பின்னால என்ன இருக்கு?

போன் அலறியது!

தமிழினி ஒரு கையால் அதை எடுத்தாள். மறு கையில் உதட்டுச் சாயம். சேலம் அஸ்தம்பட்டியில், வாடகை வீட்டு மாடி அறையில், வட்ட விளக்குக்கு முன்னால் உட்கார்ந்து தொழிலுக்குத் தயாராகிக்கொண்டிருந்தாள்.

என்ன தொழில் என்கிறீர்களா?

ஊர் உலகத்தில் யாராவது விநோதமாக ஒரு வீடியோ எடுத்து அனுப்புவார்கள். அதைப் பார்த்து இவள் கண்ணை உருட்டுவாள். வாயைப் பிளப்பாள். 'அடேங்கப்பா!' என்பாள். அவ்வளவுதான். அதை லட்சக்கணக்கில் பார்க்கிறார்கள்!

"ஹலோ... யாருங்க?"

"ஏனுங்க சாமி... அந்தக் கோழி வீடியோ போட்டது நீங்கதானுங்களே?"

பெண் குரல். நாமக்கல் பக்கத்துப் பேச்சு.

"ஆமாங்க. பார்த்தீங்களா? எப்படி இருந்துச்சு?"

"நல்லா இருந்துச்சுங்க. ஒண்ணே ஒண்ணு கேக்கோணும்..." குரல் தணிந்தது. "உங்க மூஞ்சிக்குப் பின்னால என்னங்க இருக்குது?"

தமிழினி திடுக்கிட்டுத் திரும்பினாள்.

சுவர்தான் இருந்தது.

"அங்க இல்லீங்க. வீடியோவுல! கீழ் மூலையில உங்க மூஞ்சியை வட்டமா ஒட்டி வெச்சிருக்கீங்களே... அதுக்குப் பின்னால!"

அப்போதுதான் தமிழினிக்குப் புரிந்தது.

பேர் ஊர் சொல்லாத எவரோ அனுப்பிய வீடியோ அது. நீளமான கோழிப்பண்ணை. கூண்டு கூண்டாக ஆயிரக்கணக்கில் கோழிகள். காது கிழிய வேண்டிய இடம். ஆனால்... மொத்தமும் நிசப்தம்! அத்தனை கோழிகளும் கழுத்தை நீட்டி ஒரே திசையைப் பார்த்துக்கொண்டு நின்றன. பார்க்கிறவர்களுக்கு மயிர்க்கூச்செறியும். 'பேய் பார்த்த கோழிகள்' என்று தலைப்பு வைத்துப் போட்டாள். தீயாகப் பரவியது.

"அது பேயும் இல்லை, பிசாசும் இல்லீங்க. அது எங்க பண்ணை! நாங்க உள்ள போறப்ப கதவை ரெண்டு தட்டு தட்டி, சத்தம் குடுத்துட்டுத்தான் போவோம். பழகாத ஆளு சத்தமில்லாம உள்ள பூந்தா கோழி அப்படித்தான் மெரண்டு நிக்கும்."

"நீங்க யாரும்மா?"

"எம் பேரு சௌந்திரமுங்க. எங்கூட்டுக்காரரு ராசப்பனைப் போன வாரத்துல இருந்து காணோம்..." ஒரு விசும்பல். "நான் பேசுனதை யாருகிட்டயும் சொல்லிப் போடாதீங்க சாமி. முக்கியமா எந் தம்பி கதிர்வேலுகிட்ட சொல்லவே சொல்லாதீங்க!"

டொக்!

போன் செத்தது.

"அன்பு! ஓடி வா!"

அன்பரசு ஓடி வந்தான். தமிழினியின் கணவன். படத்தொகுப்பு, ஒலி, காபி எல்லாம் அவன்தான். விஷயத்தைக் கேட்டவன், கணினியில் அசல் வீடியோவைத் திறந்தான்.

கீழ் மூலை.

இரண்டு கால்கள்!

வேட்டி கட்டிய ஓர் ஆளை எவரோ தரையோடு தரையாக இழுத்துப்போகிறார்கள். இழுப்பவர் தெரியவில்லை. அந்தக் கால்களில் ஒன்று... உதைத்தது!

"உயிரோட இருக்காரு!" தமிழினி கத்தினாள். "இதை நாம பாக்கவே இல்லையே அன்பு!"

"எவன் பார்த்தான்? மேல கோழியைத்தான் பார்த்தோம். மூலையில எப்பவும் போல உன் மூஞ்சியை ஒட்டிட்டேன்."

ஒரு மனுஷனை எங்கேயோ இழுத்துக்கொண்டு போகிறார்கள். அதன் மேல் உட்கார்ந்துகொண்டு தமிழினி கண்ணை உருட்டியிருக்கிறாள்! அவமானமாக இருந்தது.

"போலீசுக்குப் போடு அன்பு."

"இரு." அன்பரசு தாடையைத் தடவினான். "அசலைப் பார்த்தது மொத்தம் யாரு? நீ, நான், அனுப்பின ஆளு. அப்புறம் எப்படி அந்தம்மாவுக்கு மட்டும் மூலையில என்னமோ இருக்குன்னு தெரிஞ்சுது?"

"அப்போ..."

"அனுப்பினதே அந்தம்மாதான்! அதைச் சொல்லாம ஏன் மறைக்கணும்? கூடப் பொறந்த தம்பிக்கே தெரியக் கூடாதாம்! புருஷனை முடிச்சதே..."

அவன் முடிக்கவில்லை. போன் மறுபடியும் அலறியது!

வேறு எண்.

"வணக்கமுங்க. நாமக்கல்லுல இருந்து கதிர்வேல் பேசறேன். லாரி பாடி கட்டற பட்டறை வெச்சிருக்கறனுங்க. எங்க அக்கா போனை மேசை மேல வெச்சுட்டு எங்கயோ போயிருச்சு. எடுத்துப் பார்த்தா உங்க நம்பரு. அக்கா உங்ககிட்ட என்னங்க பேசுச்சு?"

மரியாதையான குரல். உடைந்த குரல்.

"மாமாவைக் காணாம நாங்க படற பாடு கொஞ்ச நஞ்சமில்லீங்க. அக்கா வேற ஒரு மாதிரி நடந்துக்குது. எதையோ மறைக்குதுங்க. எனக்குப் பயமா இருக்குது..."

தமிழினி அன்பரசைப் பார்த்தாள். அவன் தலையை ஆட்டினான்.

அவ்வளவுதான்! மடை திறந்தது!

"சார், நான் சொன்னேன்னு சொல்லாதீங்க. அந்த வீடியோவை அனுப்பினதே உங்க அக்காதான்னு நினைக்கிறோம். அசல்ல உங்க மாமாவை யாரோ இழுத்துட்டுப் போறாங்க! கால் நல்லாத் தெரியுது! இப்பவே போலீசுக்குக் குடுக்கப் போறோம். அவங்க மூலை முடுக்கெல்லாம் தேடிக் கண்டுபிடிச்சிருவாங்க. தைரியமா இருங்க சார்!"

"ரொம்ப நன்றிங்க," என்றான் கதிர்வேல்.

வைத்துவிட்டான்.

அடுத்த போன் நாமக்கல் காவல் நிலையத்துக்கு. ராசப்பன் வழக்கைக் கையில் வைத்திருந்த சப்-இன்ஸ்பெக்டர் கயல்விழி பொறுமையாகக் கேட்டாள். 'கதிர்வேல்' என்ற பெயர் வந்ததும் பொறுமை பறந்தது.

"அவன்கிட்ட ஏன்மா சொன்னீங்க?"

"பாவம் மேடம், அழுதாரு..."

"அழுவான்! பைபாஸ் ஓரத்துல இருக்கற பண்ணை நிலத்தை வித்துத் தரச் சொல்லி அவன்தான் ராசப்பன் கழுத்துல உக்காந்தான். மச்சினனால உயிருக்கு ஆபத்துன்னு அந்த மனுஷன் என்கிட்டயே வந்து சொன்னாரு. ஆதாரம் இல்லாம கை வைக்க முடியாமத் தவிச்சுக்கிட்டு இருக்கேன். இருக்கற ஒரே சாட்சி அந்தம்மா! அவங்களையும் காட்டிக் குடுத்துட்டீங்களே!"

தமிழினியின் கையிலிருந்த உதட்டுச் சாயம் கீழே விழுந்து உருண்டது.

"கிளம்பி வாங்க! அசல் வீடியோவோட!"

பிற்பகல் வெயிலில் பைக் பறந்தது. பின்னால் உட்கார்ந்திருந்த தமிழினி வழியெல்லாம் அழுதாள். 'சொல்லிப் போடாதீங்க சாமி' என்ற குரல் காதுக்குள்ளேயே நின்றது. எத்தனை பேர் பார்த்தால் என்ன? ஒரு உயிரை வாயால் கொன்றுவிட்டாளே!

நாமக்கல்லைத் தாண்டிப் பண்ணை. வாசலில் போலீஸ் ஜீப்.

வீடு பூட்டிக் கிடந்தது. சௌந்திரத்தின் மொபெட்டைக் காணவில்லை. அவள் எண்ணுக்குக் கூப்பிட்டார்கள். பூட்டிய வீட்டுக்கு உள்ளே மணி அடித்தது!

கயல்விழியின் முகம் இருண்டது.

"அவன் பட்டறைக்கும் ஆள் அனுப்பிட்டேன். அங்கயும் இல்லை. கார் இல்லை." தமிழினி பக்கம் திரும்பினாள். "உங்க போன்ல இருந்து கதிர்வேலைக் கூப்பிடுங்க. நீங்கன்னாத்தான் எடுப்பான். ஸ்பீக்கர்ல போடுங்க."

தமிழினி எண்ணை அழுத்தினாள்.

மணி அடித்தது... அடித்துக்கொண்டே இருந்தது...

எடுக்கப்பட்டது!

இரைக்கும் மூச்சு. தூரத்தில் ஓர் ஆண் அலறல். எதிரொலியோடு!

"ஐயோ... அது ராசப்பனா?" அன்பரசு கிசுகிசுத்தான்.

"ஹ... ஹலோ?" என்றாள் தமிழினி.

"சாமி, நீங்களா!" பெண் குரல். "நான் சௌந்திரம் பேசறனுங்க!"

மூவரும் வாயைப் பிளந்தார்கள்.

"அம்மா! எங்க இருக்கீங்க? கதிர்வேல் எங்க?"

"சேந்தமங்கலம் ரோட்டுல மூடிக் கிடக்கற சேகோ ஆலை இருக்குதில்லீங்க... அங்க இருக்கறோம். போலீஸ்காரம்மாவைக் கையோட கூட்டியாங்க. கத்திக் கத்தி அவனுக்குத் தொண்டை கட்டிக்கப் போகுது!"

ஜீப் சீறியது.

ஆலைக்குள், ஒரு காலத்தில் ஜவ்வரிசிக்காக மரவள்ளி மாவு தேக்கிய ஆழமான தொட்டி. இப்போது வறண்டு கிடந்தது. அதற்குள்ளே கூண்டுப் புலியாகக் குதித்துக்கொண்டிருந்தான் கதிர்வேல். ஏணி மேலே கிடந்தது. ஏணி மேல் சௌந்திரம் உட்கார்ந்திருந்தாள்! பக்கத்தில் ஒரு வாரத் தாடியோடு ராசப்பன், தண்ணீரைக் குடித்துக் குடித்து இருமிக்கொண்டிருந்தார்.

"அக்கா, ஏணியை எறக்கு! கூடப் பொறந்தவளா நீ!"

"அதே கேள்வியை நான் உங்கிட்டப் போன வாரமே கேட்டிருக்கோணும்," என்றாள் சௌந்திரம்.

போலீஸ்காரர்கள் ஏணியை இறக்கினார்கள். கதிர்வேலின் கைகளில் விலங்கு ஏறியது.

"என்ன நடந்துச்சும்மா?" என்றாள் கயல்விழி.

"ஊட்டுல சோறு வடிச்சுட்டு இருந்தனுங்க. கோழிச் சத்தம் பட்டுன்னு நின்னு போச்சு. பண்ணைக்காரிக்கு அது போதுமுங்களே? என்னமோ வித்தியாசமா இருக்குதேன்னு போனைத் தூக்கிட்டு ஓடி, கம்பி வலை வழியாப் படம் புடிச்சேன். அப்புறந்தான் பார்த்தேன்... எந் தம்பி இரும்புக் கம்பியோட இவரை இழுத்துட்டுப் போறான்! கத்துனா அங்கயே மண்டையைப் பொளந்திருப்பான். வாயைப் பொத்திட்டு நின்னேன். வேன்ல போட்டுட்டுப் போயிட்டான்."

"என்கிட்ட வந்து சொல்லியிருக்கலாமே!"

"நீங்க புடிப்பீங்க. அவன் வாயைத் தொறக்க மாட்டான். இவரு எங்க கெடக்கறாருன்னு தெரியாமயே பட்டினியில போயிருப்பாருங்க. அவனே பயந்து இவரைத் தேடி ஓடோணும். நான் பின்னாடியே போகோணும். அதுக்குத்தான் இந்தச் சாமிக்கு வீடியோவை அனுப்பினேன்."

"நான்... மறைச்சுட்டேன்," தமிழினி தலையைக் குனிந்தாள்.

"ஆமாங்க! எந் தம்பி அதை எம் பக்கத்துலயே உக்காந்து, சிரிச்சுக்கிட்டே பார்த்தான். எனக்கு எப்படி இருந்திருக்கும்! அதுக்கப்புறந்தான் உங்களுக்குப் போனைப் போட்டேன். போனை வேணும்னே அவன் கண்ணுல படற மாதிரி வெச்சுட்டு, மொபெட்டை எடுத்துட்டு ரோட்டோரம் புளியமரத்தடியில நின்னேன். ஊட்டைப் பூட்டிட்டுக் காரை எடுத்துட்டுப் பறந்தான் பாருங்க!"

"தொட்டிக்குள்ள எப்படி மாட்டினான்?"

"நெலத்துக்குக் கையெழுத்து வாங்கத்தான் ஒரு குடம் தண்ணியோட இவரை உள்ள கட்டிப் போட்டிருந்தானுங்க. போலீசு தேடறதுக்குள்ள வேற எடத்துக்கு மாத்தோணுமுங்களே? போனுல டார்ச்சைப் போட்டு மேல வெச்சுட்டு எறங்கினான். கட்டை அவுத்து இவரை முதல்ல மேல ஏத்தி வுட்டான். இவரு ஏறினாரு. நான் ஏணியை உருவிட்டேன்."

ராசப்பன் அந்த நிலைமையிலும் மனைவியைப் பெருமையாகப் பார்த்தார்.

தமிழினி அவள் கைகளைப் பிடித்துக்கொண்டாள். கண்ணீர் பொங்கியது. வீடியோவுக்கான கண்ணீர் இல்லை, நிஜமான கண்ணீர்.

"மன்னிச்சிருங்கம்மா... சொல்லாதீங்கன்னு நீங்க கெஞ்சினீங்க. நான் உங்க தம்பிகிட்டயே போய் எல்லாத்தையும் சொல்லிட்டேன்!"

"அட, சொல்லோணும்னுதானுங்களே சாமி, சொல்லாதீங்கன்னு சொன்னேன்!"

தமிழினி திகைத்தாள்.

"ஒருவேளை... நான் வாயை மூடிட்டுச் சும்மா இருந்திருந்தா?"

சௌந்திரம் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, அந்த வாரத்தில் முதல் தடவையாகச் சிரித்தாள்.

"ரெண்டு வருசமா உங்க சேனலைப் பாக்கறனுங்க. அந்தப் பயம் மட்டும் எனக்கு வரவே இல்லீங்க!"