ஓரத்து வெள்ளை

இந்தக் காலத்து ஆட்களுக்கு எதுவும் முழுசாக வேண்டாம். பேச்சைப் பாதியில் விடுகிறார்கள், சோற்றைப் பாதியில் விடுகிறார்கள், வந்த கதவைப் பாதி சாத்திவிட்டுப் போகிறார்கள். போதாததற்கு இப்போது போட்டோவிலும் பாதி மூஞ்சிதான். மீதி எங்கே என்று கேட்டால் வெளிச்சம் தின்றுவிட்டதாம். அதற்குக் கலை என்று பெயராம்.

படங்களுக்குச் சட்டம் போடும் கடை வைத்திருந்த கிழவருக்கு இந்தக் கலையைக் கண்டாலே ஆகாது. தெருவில் அவரைச் சட்டக்காரர் என்றுதான் கூப்பிடுவார்கள். மரச்சட்டம் அடிப்பது பாதிக் காரணம். யார் எதைச் சொன்னாலும் "அதெப்படி?" என்று மல்லுக்கு நிற்பது மீதிப் பாதி. கண்ணில் புரை எடுத்த டாக்டர், இனி எல்லாம் பளிச்சென்று தெரியும் என்று சொன்னபோதுகூட, ஒரு கண்ணைப் பொத்தி, அப்புறம் மறு கண்ணைப் பொத்தி, சுவரில் இருந்த எறும்பைப் பார்த்த பிறகுதான் கட்டிலை விட்டு இறங்கினார். தன் கண்ணால் பார்க்காத எதையும் அவர் ஒத்துக்கொண்டதில்லை.

அன்றைக்கு உச்சி வெயிலில் மாப்பிள்ளை இரண்டு படங்களைச் சுருட்டி எடுத்துக்கொண்டு வந்தார். ஒரே மகளைக் கட்டிக்கொடுத்த மாப்பிள்ளை. போட்டோ பிடிக்கிறவர். நல்ல பிள்ளைதான், வாய் அதிகம்.

முதல் படத்தில் எதிர்க்கடைத் தையல்காரர் நின்றுகொண்டிருந்தார். சன்னலோரம். இடது கை மிஷின் மேல் இருந்தது. சன்னல் பக்கம் நீட்டிய வலது தோளுக்கு அப்பால் ஒன்றும் இல்லை. வெள்ளை. சுண்ணாம்பை ஊற்றிய மாதிரி, படத்தின் ஓரம்வரை ஒரே வெள்ளை.

"என்ன மாப்பிள்ளை, கேமரா கெட்டுப் போச்சா?"

"ஏன் மாமா?"

"டெய்லர் நிக்கிறார். சன்னல் இருக்கு. நீட்டின கை எங்க?"

"வெளிச்சத்துல போயிடுச்சு."

"போயிடுச்சுன்னா? பஸ் ஏறியா போச்சு?"

மாப்பிள்ளை சிரித்துவிட்டார். "தப்பா எடுத்துட்டேன்னு நினைக்காதீங்க மாமா. வேணும்னேதான் வெளிச்சத்தைக் கூட விட்டேன். எல்லாத்தையும் காட்டிட்டா பாக்கிறவனுக்கு என்ன வேலை? அங்க கை இருக்குன்னு எல்லாருக்கும் தெரியும்ல?"

"எனக்குத் தெரியல."

"சரி, இதைப் பாருங்க. உங்க மக."

இரண்டாவது படத்தில் மகள் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். இடுப்புக்குக் கீழே வெள்ளை தொடங்கி மடியை முழுசாக மூடியிருந்தது. அந்த வெள்ளைக்குள் குனிந்து பார்த்து அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். பல் தெரிய, கண் சுருங்க, ஒன்றுமில்லாத இடத்தைப் பார்த்து.

"யாரைப் பாத்து இளிக்கிறா?"

"பூசணியைத்தான். மடியில படுத்திருக்கா." மாப்பிள்ளை வெறும் வெள்ளையில் விரலை வைத்துக் காட்டினார். "இங்க தலை. இங்க காலு."

பூசணி அவருடைய பேத்தி. தவழப் பார்க்கிற வயசு. கன்னமும் வயிறும் உருண்டையாக இருப்பதால் அவர் வைத்த பெயர் அது. தாத்தாவிடம் அதற்கு ஒரே ஒரு வேலைதான். தூக்கின மறு நிமிஷம் அவருடைய சட்டைப் பொத்தானைப் பிடித்துக்கொள்ளும். பிடித்தால் விடாது. நூல் அறுந்து பொத்தான் கையோடு வரும்வரை இழுக்கும். "பேத்தியா பெத்துக் கொடுத்திருக்கே? பிக்பாக்கெட்" என்று மகளிடம் சண்டை போடுவார். அடுத்த நாள் சாயங்காலம் முதல் ஆளாகப் போய் நெஞ்சைக் கொடுத்து நிற்பார்.

"என் கண்ணுக்கு ஒண்ணும் தெரியல மாப்பிள்ளை. தெரியாததுக்கு நான் சட்டம் போடுறதில்ல."

"போடுங்க மாமா. ஆனா ஒண்ணு, வெள்ளையை மட்டும் வெட்டிடாதீங்க. அதுலதான் படமே இருக்கு."

அவர் போனதும் சட்டக்காரர் படங்களை மேசையில் விரித்து, நான்கு மூலையிலும் கல் வைத்தார். கை கழுவித் துடைத்துக்கொண்டு நகத்தால் வெள்ளையை மெதுவாகத் தடவிப் பார்த்தார். மை இருக்கும் இடத்தில் நகம் வழுக்கும், வெறும் காகிதத்தில் லேசாகப் பிடிக்கும். அத்தனை வருஷத்து விரல் அது. தோள் இருந்த இடத்தில் வழுக்கியது. தோள் முடிந்ததும் பிடித்தது. அங்கிருந்து ஓரம்வரை பிடித்துக்கொண்டே போனது. படத்து வெள்ளை எங்கே முடிகிறது, சுற்றிலும் விடும் ஓரக் காகிதம் எங்கே தொடங்குகிறது என்று ஒரு கோடுகூட இல்லை. பிரிண்டர் அங்கே சொட்டு மை போடவில்லை. வெறும் தாள்.

ஓரத்துத் தாளை வெட்டிப் போடுவதுதான் தொழில். வெட்டாமல் யாரும் சட்டம் போட்டதில்லை. இல்லாத கைக்கும் இல்லாத மடிக்கும் கூடுதலாகக் கண்ணாடி வெட்ட அவருக்கு என்ன தலையெழுத்தா?

இரும்பு ஸ்கேலை வைத்துத் தையல்காரருடைய படத்தில் கத்தியை இழுத்தார். எப்போதும் சர்ரென்று ஒரே மூச்சில் போகும் கத்தி நடுவில் ஓரிடத்தில் நின்றது. தடித்த நகத்தை வெட்டும்போது நிற்குமே, அப்படி. அழுத்தினார். டக்கென்று ஒரு சத்தம் வந்து கத்தி போய்விட்டது. கத்தி முனையைத் திருப்பிப் பார்த்தார். மழுங்கவில்லை.

மகள் படத்தில் கத்தி நிற்கவே இல்லை. அதுதான் அவருக்குப் பிடிக்கவில்லை. காகிதம் கத்திக்கு அடியில் லேசாக உயர்ந்து, தாழ்ந்து, மறுபடி உயர்ந்தது. மேலே ஓடின மின்விசிறிக் காற்று என்று எழுந்து போய் அதை நிறுத்தினார். திரும்பி வந்து மீதியை வெட்டினார். அந்த நேரத்தில் தெருவில் ஒரு வண்டிச் சத்தம் இல்லை, காக்கைச் சத்தம் இல்லை. மேசையின் பசை வாசனையும் மரத்தூள் வாசனையும் சட்டென்று விட்டுப்போன மாதிரி இருந்தது.

வெட்டிய இரண்டு வெள்ளைத் துண்டுகளையும் மேசைக்கு அடியில் இருந்த கழிவுச் சாக்கில் போட்டார். கண்ணாடி வைத்து, அட்டை வைத்து, பின்பக்கம் ஆணி அடித்தார். நிமிர்ந்தபோது மேசைக்கு அடியில் நிழல் இல்லை. சாக்கின் வாயிலிருந்து ஒரு வெளிச்சம், குழல்விளக்கு எரிவதற்கு முன்னால் மினுக்குமே அதுபோல, தரையில் விழுந்துகொண்டிருந்தது. குனிந்து பார்த்தார். சாக்கு சாக்காகத்தான் இருந்தது.

"கண்ணு கூசுது" என்று தனக்கே சொல்லிக்கொண்டார். சொன்னாரே தவிர நம்பவில்லை.

வெயில் சாய்ந்ததும் சட்டக்காரர் தையல்காரருடைய படத்தைத் தூக்கிக்கொண்டு தெருவைக் கடந்து போனார். தையல்காரர் வெட்டு மேசையில் குனிந்து வேலையாக இருந்தார். துணியின் ஒரு முனையைப் பல்லில் கடித்திருந்தார். மறு முனையை மேசையில் பொருத்தியிருந்த ஒரு மரக் கவ்வி பிடித்திருந்தது. இடது கையில் கத்தரிக்கோல். வலது பக்கச் சட்டைக் கையை மடித்து, தோளோடு சேர்த்துச் சீராகத் தைத்திருந்தது.

"என்னய்யா ஆச்சு கைக்கு?"

தையல்காரர் துணியை வாயிலிருந்து எடுத்தார். "எந்தக் கைக்கு?"

"வலது கைய்யா! காலையில அதுலதானே டீ கிளாஸைப் பிடிச்சிருந்தே!"

"அண்ணே, காலையிலயே வேற ஏதாவது குடிச்சீங்களா?" கடையில் இருந்த ஆட்கள் சிரித்தார்கள். "எனக்கு என்னைக்கு வலது கை இருந்துச்சு? உங்க சட்டையில அறுந்த பொத்தானையெல்லாம் இந்த ஒத்தக் கையாலதான் தச்சுக் கொடுக்கிறேன். கூலிதான் வர மாட்டேங்குது."

சட்டக்காரர் அந்த மரக் கவ்வியைப் பார்த்தார். பிடி தேய்ந்து குழிவிழுந்திருந்தது. விரல் பட்டுப் பட்டு, எண்ணெய் ஏறி, கறுத்துப்போன மரம். மரம் அவருக்குத் தெரியும். அந்தத் தேய்மானம் ஒரு நாளில் வருவதில்லை. ஒரு வருஷத்தில் வருவதில்லை.

"படத்தைக் காட்டுங்க. அட, நல்லா வந்திருக்கே! கை இல்லாத பக்கம் தெரியாம எடுத்திருக்கார் உங்க மாப்பிள்ளை. மரியாதை தெரிஞ்ச பிள்ளை."

சட்டக்காரருக்கு அப்போதுதான் இன்னொரு படம் ஞாபகம் வந்தது.

இங்க தலை. இங்க காலு.

அவர் ஓடி எத்தனையோ காலம் ஆகிவிட்டது. ஓடினார். கடைக்குள் போய்ச் சாக்கைக் கவிழ்த்தார். மரச்சீவல், அட்டைத் துண்டு, வளைந்த ஆணி. நடுவில் இரண்டு வெள்ளைத் துண்டுகள். ஒன்றை எடுத்தார். விறைப்பாக இருந்தது. முகர்ந்தார். தையல் சாக்கட்டி வாசனை. மிஷின் எண்ணெய் வாசனை. கீழே போட்டார்.

மற்றதை எடுத்தார்.

சூடாக இருந்தது. பால் வாசனை. பவுடர் வாசனை. தலை உச்சியில் வருமே, அந்த வாசனை.

துண்டைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, மகள் படத்தைச் சட்டத்தோடு அள்ளிக்கொண்டு நடந்தார். இரண்டு தெரு. பூட்டாமல் வந்துவிட்டோமே என்று பாதி வழியில் தோன்றியது. தோன்றிவிட்டுப் போகட்டும்.

மகள் வீட்டு வாசலில் காயப்போடும் கொடி காலியாக இருந்தது. நேற்றுவரை இடம் இல்லாமல் சின்னச் சின்னத் துணியாகத் தொங்கின கொடி. உள்ளே கூடத்தில் தொட்டில் மாட்டுகிற கொக்கியில் ஒரு பூந்தொட்டி. கொடி படர்ந்து, தரையைத் தொட்டுக்கொண்டிருந்தது. அதுவும் ஒரு நாளில் வளர்ந்தது இல்லை.

"வாங்கப்பா. என்ன மூச்சு வாங்குது?"

"பூசணி எங்கம்மா?"

"பூசணியா? நீங்க வாங்கிட்டு வரேன்னு சொல்லவே இல்லையே. ராத்திரிக்குக் கத்தரிக்கா நறுக்கிட்டேன்."

"விளையாடாத. குழந்தை எங்க?"

மகளின் முகம் மாறியது. "அப்பா, எத்தனை தடவை சொல்லியிருக்கேன், இந்தப் பேச்சு வேண்டாம்னு. எனக்கு மட்டும் ஆசை இல்லையா? பார்க்காத டாக்டரா?"

குரல் உடைந்தது. உடைந்த குரலோடு அவள் இடது முழங்காலை ஆட்டிக்கொண்டே இருந்தாள். மேலும் கீழும். மேலும் கீழும். மடியில் எதுவும் இல்லை. ரவிக்கையின் முன்பக்கம் இரண்டு இடத்தில் ஈரம் பரவியிருந்தது. முந்தானையால் துடைத்தாள். எதைத் துடைக்கிறோம் என்று அவளுக்குத் தெரிந்த மாதிரி இல்லை. துடைக்கத் துடைக்க ஊறியது.

மாப்பிள்ளை உள்ளேயிருந்து வந்தார். "என்ன மாமா?"

"நீங்க சொல்லுங்க மாப்பிள்ளை. இந்தப் படத்துல யாரைப் பாத்துச் சிரிக்கிறா? நீங்கதானே விரல் வச்சுக் காட்டினீங்க? இங்க தலை, இங்க காலுன்னு?"

மாப்பிள்ளை படத்தைப் பார்த்தார். நன்றாகவே பார்த்தார். "யாரையும் இல்லையே மாமா. வெளிச்சத்தைப் பாத்துச் சிரிக்கிறா. அதுதான் படமே." கிழவரின் தோளில் கை வைத்தார். "ஆபரேஷன் பண்ணின கண்ணு. வெயில்ல கண்ணாடி இல்லாம நடக்காதீங்கன்னு சொன்னேன்ல?"

சட்டக்காரர் தரையில் உட்கார்ந்து, சட்டத்தைக் கவிழ்த்து, ஆணிகளை நகத்தாலேயே நெம்பினார். நகம் கிழிந்தது. கண்ணாடியை எடுத்தார். பையிலிருந்த துண்டை எடுத்துப் படத்தோடு ஒட்டி வைத்தார். வெட்டு வெட்டோடு மயிரிழை இல்லாமல் பொருந்தியது. அவர் கத்தி அல்லவா? அழுத்திப் பிடித்துக்கொண்டார்.

வெள்ளை. வெறும் வெள்ளை.

மகளின் முழங்கால் நின்றது.

"அழுவுது" என்றாள்.

"என்னது?"

"தெரியல. எங்கேயோ. பக்கத்து வீட்டுல இருக்கும்."

பக்கத்து வீடு பூட்டிக் கிடந்தது. ஆறு மாசமாகப் பூட்டிக் கிடக்கும் வீடு.

அவர் கையை எடுத்தார். முழங்கால் மறுபடி ஆடத் தொடங்கியது. மேலும் கீழும்.

"அந்தத் துண்டைக் குப்பையில போடுங்க மாமா" என்றார் மாப்பிள்ளை, குழந்தையிடம் பேசுவதுபோல. "படுத்து எழுந்தா எல்லாம் சரியாயிடும். நாங்க வேணா துணைக்கு வரவா?"

"எனக்கு யாரும் வேண்டாம்."

துண்டைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வெளியே வந்தார். மகள் பின்னால் கூப்பிட்டாள். திரும்பவில்லை. தெரு விளக்குகள் எரியத் தொடங்கியிருந்தன. கண் கோளாறாம். வயசுக் கோளாறாம். மரக் கவ்வி தேய்ந்திருக்கிறதாம், பூந்தொட்டிக் கொடி வளர்ந்திருக்கிறதாம், அதனால் பிள்ளையே பிறக்கவில்லையாம். யாருக்கு வேண்டும் அந்தக் கணக்கு? அவர் நம்பவில்லை. காலையில் டீ கிளாஸைப் பிடித்த கையை அவர் பார்த்திருக்கிறார். அந்தக் கையை நம்பாமல் இவர்கள் வாயை நம்பச் சொன்னால் எப்படி?

அதெப்படி?

நடந்தார். இரண்டாவது விளக்கைத் தாண்டும்போது நெஞ்சில் ஈரம் பட்டது. வெதுவெதுப்பாக. சட்டைப் பை நனைந்துகொண்டிருந்தது.

குனிந்து பார்க்கவில்லை. நடையை நிறுத்தவும் இல்லை.

பைக்குப் பக்கத்துப் பொத்தானை ஏதோ பிடித்தது. சின்னதாக. விடாமல்.

இழுத்தது.

நூல் அறுந்தது.